‘கொடுங்க’வில் இருக்கும் ‘ங்க’ ஆங்கிலத்தில் எங்கே போகிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமான தமிழ் இளைஞர் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்து, “கிவ் மீ தட் ஃபைல்” என்கிறார். அவர் மனத்தில் ஓடுவது “அந்த ஃபைலைக் கொடுங்க” என்ற வாக்கியம்தான். மரியாதைக் குறைவாக எதையும் அவர் நினைக்கவில்லை. ஆனால் எதிரே இருப்பவர் காதில் விழுவது “அந்த ஃபைலைக் குடு”. நாலைந்து தடவை இப்படி நடந்தால், ‘ரொம்ப அதிகாரமாகப் பேசுகிறார்’ என்ற பேர் கிளம்பிவிடும். ஏன் அந்தப் பேர் வந்தது என்று அவருக்கு யாரும் சொல்லவும் மாட்டார்கள்.

வேலையிடத்து ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும்போது திரும்பத் திரும்ப எதிர்ப்படும் சிக்கல் இது. இலக்கணத்தில் பிழையே இல்லாமல் பேசுகிறவர்களும் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. குடு, கொடுங்க, கொடுங்களேன், கொடுக்கிறீங்களா, கொடுக்க முடியுமா என்று ஒரே வினையை நீட்டி நீட்டி நாம் பணிவைக் கூட்டிக்கொண்டே போகிறோம். ஆங்கிலத்தில் ‘கிவ்’ என்றால் குழந்தைக்கும் ‘கிவ்’தான், மேலாளருக்கும் ‘கிவ்’தான். நீ, நீங்கள் இரண்டுக்கும் ஒரே ‘யூ’. ஆகவே நாம் மனத்தில் வைத்திருக்கும் ‘ங்க’ மொழி மாறும்போது உதிர்ந்துவிடுகிறது. அதை வினைக்கு வெளியே, தனிச் சொற்களாகத் திரும்பச் சேர்க்க வேண்டும்.

‘ப்ளீஸ்’ போட்டால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். போதாது. “கிவ் மீ தட் ஃபைல், ப்ளீஸ்” என்பது ப்ளீஸ் ஒட்டிய கட்டளை, அவ்வளவுதான். முதலில் கட்டளையைக் கேள்வியாக்க வேண்டும்: “குட் யூ பாஸ் மீ தட் ஃபைல், ப்ளீஸ்?” இங்கே ‘குட்’ என்பது ‘கேன்’ என்ற சொல்லின் இறந்தகால வடிவம். ‘வில்’ என்பதற்கு ‘வுட்’ வருவதும் அப்படித்தான். இப்போது கேட்கிற உதவிக்கு இறந்தகாலம் எதற்கு என்று தோன்றலாம். நாமும் இதையே செய்கிறோம். யாரிடமாவது உதவி கேட்கப் போனால் “ஒண்ணு கேக்கலாம்னு வந்தேன்”, “உங்களைப் பார்க்கணும்னு நெனச்சேன்” என்றுதானே ஆரம்பிக்கிறோம்? காலத்தைப் பின்னுக்குத் தள்ளினால் எதிரே இருப்பவருக்கு மறுக்க இடம் கிடைக்கிறது. “ஐ வாஸ் வொண்டரிங் இஃப்...” என்ற தொடக்கம் அந்த ‘நெனச்சேன்’தான்.

எதற்கு எவ்வளவு என்பதுதான் அடுத்த கேள்வி. கைக்கெட்டும் பொருளை எடுத்துத் தரச் சொல்ல “குட் யூ” போதும். பத்து நிமிட வேலை வாங்குவதாக இருந்தால் “வுட் யூ மைண்ட் செக்கிங் திஸ் ஃபார் மீ?” என்று கேட்கலாம். அவர் மறுத்தாலும் மறுக்கலாம் என்ற பெரிய உதவிக்கு, அதாவது விடுப்பு, சம்பள முன்பணம், ஷிஃப்ட் மாற்றம் போன்றவற்றுக்கு, “ஐ வாஸ் வொண்டரிங் இஃப் ஐ குட்...” பொருந்தும். பேனா இரவல் வாங்க இந்த மூன்றாவதை எடுத்தால் கேலி செய்கிறோமோ என்று நினைப்பார்கள். அதற்கு “குட் ஐ பாரோ யுவர் பென்?” என்பதே முழு மரியாதை.

தென்னாப்பிரிக்காவில் இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்த நாட்டில் ஆங்கிலத்தை வீட்டுமொழியாகப் பேசுகிறவர்கள் நூற்றுக்கு 9 பேருக்கும் குறைவு. ஜூலு பேசுகிறவர்கள் ஏறத்தாழ 24 பேர். நீங்கள் பேசும் ஆங்கிலத்தைக் கேட்கிறவருக்கும் பெரும்பாலும் அது இரண்டாவது, மூன்றாவது மொழி. சுற்றி வளைத்த அலங்காரத் தொடர்களைவிட, குறுகிய, தெளிவான, கேள்வி வடிவில் உள்ள வாக்கியமே இங்கே நன்றாக எடுபடும்.

அதற்கும் முன்னால் வரவேண்டியது வணக்கம். வங்கிக் கவுண்டராக இருக்கட்டும், பெட்ரோல் போடுகிற இடமாக இருக்கட்டும், வாசலில் இருக்கும் காவலாளியாக இருக்கட்டும், நேரே விஷயத்துக்குப் போனால் அங்கே முகம் சுருங்கிவிடும். “குட் மார்னிங், ஹவ் ஆர் யூ?” என்று சொல்லி, பதில் வரும்வரை நின்று, அவர் திருப்பிக் கேட்டால் “ஐ’ம் ஃபைன், தேங்க் யூ” என்று சொன்ன பிறகுதான் வேலையை எடுக்க வேண்டும். ஐந்து நொடிதான் பிடிக்கும். ஜூலுவில் ‘சவுபோனா’ என்ற வணக்கச் சொல்லுக்கு நேர்ப்பொருள் ‘உன்னைப் பார்க்கிறோம்’. வணக்கம் சொல்லாமல் பேசினால் அந்த ஆளை நீங்கள் பார்க்கவே இல்லை என்றாகிறது. அவர் ‘சவுபோனா’ என்றால் ‘யேபோ’ என்று பதில் சொல்லலாம், நன்றிக்கு ‘ங்கியபோங்கா’. எதையாவது வாங்கும்போது வலது கையை நீட்டி, இடது கையால் அதைத் தாங்கிக்கொள்வது ஜூலு மக்களிடமும் மரியாதை. நம் பாட்டிமார் சொல்லிக்கொடுத்த பழக்கம்தான், அதை விட்டுவிட வேண்டாம்.

இந்த ஊர் ஆங்கிலத்தில் சில சொற்கள் புதிதாக வந்தவர்களைக் குழப்பிவிடும். “ஹவ்ஸிட்” என்பது வெறும் வணக்கம். உடம்பு எப்படி இருக்கிறது என்று விரிவாகச் சொல்லத் தொடங்க வேண்டாம். “ஷேம்” என்றால் இங்கே ‘அச்சோ பாவம்’. குழந்தையைப் பார்த்துச் சொன்னால் ‘செல்லமே’. உங்கள் மகளைப் பார்த்து யாராவது “ஷேம்” என்றால் கோபப்படாதீர்கள். “இஸ் இட்?” என்பது ‘அப்படியா?’ என்று கேட்பது. நீங்கள் சொன்னதைச் சந்தேகப்படவில்லை. உங்கள் கையிலிருந்து காகிதம் நழுவி விழுந்தால் தொலைவில் நிற்கிறவர் “சாரி” என்பார். அவர் தப்பு எதுவும் செய்யவில்லை, உங்களுக்காக வருத்தப்படுகிறார். “தேங்க் யூ” என்றால் “ப்ளெஷர்” என்று பதில் வரும், நீங்களும் அதையே பழகலாம். “யூ மஸ்ட் கம் அண்ட் விசிட்” என்பதில் இருக்கும் ‘மஸ்ட்’ கட்டாயம் அல்ல, ‘கண்டிப்பா வீட்டுக்கு வாங்க’ என்ற அன்பு.

நேரம் பற்றிய சொற்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும், வேலை கெடுவது அங்கேதான். “ஐ’ல் டூ இட் ஜஸ்ட் நவ்” என்று ஒருவர் சொன்னால், நம் ஊரில் ‘இதோ இப்பவே’ என்று பொருள். தென்னாப்பிரிக்காவில் ‘அப்புறம் செய்கிறேன்’ என்று பொருள். அந்த ‘அப்புறம்’ ஒரு மணி நேரமாகவும் இருக்கலாம், மாலையாகவும் இருக்கலாம். “நவ் நவ்” என்றால் கொஞ்ச நேரத்தில். உடனடியாக என்பதற்கு “ரைட் நவ்”. மேலாளர் ‘ஜஸ்ட் நவ்’ என்றதை நம்பி அவர் மேசைப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தால் அவருக்கும் சங்கடம். உங்களுக்கு நேரம் தெரிய வேண்டுமென்றால் “வென்?” என்று அடிக்காமல், நீங்களே ஒரு நேரத்தை முன்வையுங்கள்: “வுட் த்ரீ ஓ’க்ளாக் வொர்க் ஃபார் யூ?”

இங்குள்ள தமிழ் வம்சாவளியினரிடம் வரும் சிக்கல் வேறு. டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் பிள்ளை, கோவெண்டர், மூட்லி என்று பெயர்ப்பலகை பார்த்ததும், நம்மவர்தானே, ‘ங்க’ உதிர்ந்தாலும் புரிந்துகொள்வார் என்று நினைக்கிறோம். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைக்கு வந்து சேர்ந்தது. அப்படி ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். நாட்டின் 1996 அரசியல் சட்டம் மதித்துப் பேணப்பட வேண்டிய சமூக மொழிகளில் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டாலும், இவர்களில் பெரும்பாலோருக்கு வீட்டில் பேசும் மொழி ஆங்கிலம்தான். உங்கள் “கிவ் மீ” அவர்களுக்கும் ‘குடு’வாகத்தான் கேட்கும்.

அவர்களிடம் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு: “யூ டோன்ட் நோ டமில்?” இதை நாம் ஆச்சரியத்தில் கேட்கிறோம். அவர்களுக்கு அது குற்றச்சாட்டு. கரும்புத் தோட்டத்தில் உழைத்து, கோயில் கட்டி, தலைமுறை தலைமுறையாகக் காவடி எடுத்து வருகிறவர்களிடம் மொழி போன இழப்பைச் சுட்டிக்காட்டுவது புண்ணைக் கிளறுவது. பேச வேண்டுமென்றால் “டிட் யுவர் கிராண்ட்பேரன்ட்ஸ் ஸ்பீக் டமில் அட் ஹோம்?” என்று கேளுங்கள். ஆயா சொன்ன நாலு சொல்லாவது வெளியே வரும், முகமும் மலரும். அதேபோல ‘கோவெண்டர் இல்லை, கவுண்டர்’ என்று யார் பெயரையும் திருத்தாதீர்கள். அவர் சொல்கிறபடி சொல்வதுதான் மரியாதை. சந்தேகம் இருந்தால் “ஹவ் டூ யூ ப்ரொனவுன்ஸ் யுவர் நேம்?” என்று கேட்கலாம். வயதில் மூத்தவர்களை வீட்டிலும் கோயிலிலும் ‘ஆன்ட்டி’, ‘அங்கிள்’ என்று அழைப்பது இங்கே இயல்பு. அலுவலகத்தில் அவர்களே சொன்னாலொழிய வேண்டாம்.

தமிழிலிருந்து நேரே பெயர்ந்து வரும் இன்னும் சில வாக்கியங்கள் காதில் உறுத்தும். தொலைபேசியை எடுத்ததும் ‘சொல்லுங்க’ என்பதை “டெல் மீ” என்கிறோம், “ஹலோ, ஹவ் கேன் ஐ ஹெல்ப்?” என்று சொல்லுங்கள். ‘யார் பேசறது?’ என்பதற்கு “ஹூ இஸ் திஸ்?” அல்ல, “மே ஐ ஆஸ்க் ஹூ’ஸ் காலிங்?” கடைக்கு வந்தவரிடம் ‘என்ன வேணும்?’ என்ற நினைப்பில் “வாட் டூ யூ வான்ட்?” என்றால் சண்டைக்குக் கூப்பிடுவது போலிருக்கும். சாப்பாடு வேண்டாம் என்பதற்கு “ஐ டோன்ட் வான்ட்” என்று சொல்லாதீர்கள். “நோ, தேங்க் யூ, ஐ’ம் ஃபைன்” என்றால் கொடுத்தவர் மனம் நோகாது. சரியாகக் கேட்காதபோது “வாட்?” வேண்டாம், குரலை மேலே தூக்கி “சாரி?” போதும். குரலைக் கீழே இறக்கினால் அது மன்னிப்பாகிவிடும். கூட்டத்தில் ‘டவுட்’ இருக்கிறது என்றால் பேசியவரை நீங்கள் நம்பவில்லை என்று பொருளாகும். “ஐ ஹேவ் எ க்வெஸ்டியன்” என்று சொல்லுங்கள்.

துக்க வீட்டில் ‘என்ன ஆச்சு, எப்படிப் போனார்’ என்று விசாரிப்பது நமக்குப் பரிவு. அலுவலக நண்பரிடம் அதைக் கேட்க வேண்டாம். “ஐ’ம் சோ சாரி ஃபார் யுவர் லாஸ்” என்பதோடு நிறுத்துங்கள். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

‘இல்லை’ சொல்வதுதான் நமக்கு மிகக் கடினம். முடியாத வேலையைக் கேட்டால் நாம் ‘பார்க்கலாம்’, ‘முயற்சி பண்றேன்’ என்போம். தமிழில் கேட்கிறவருக்கு அதிலிருக்கும் ‘இல்லை’ புரிந்துவிடும். “ஐ வில் ட்ரை” என்று ஆங்கிலத்தில் சொன்னால் மேலாளர் அதைச் சம்மதமாக எழுதிக்கொள்கிறார். வெள்ளிக்கிழமை வேலை வரவில்லை என்றதும், நீங்கள் பணிவு என்று நினைத்தது அவருக்கு வாக்குத் தவறியதாகிவிடுகிறது. இதற்கு மூன்று துண்டு வாக்கியம் போதும். முதலில் நேராக முடியாது என்பது, பிறகு ஒரே ஒரு காரணம், அதன் பிறகு உங்களால் முடிகிற தேதி: “ஐ வோன்ட் பி ஏபிள் டு ஃபினிஷ் இட் பை ஃப்ரைடே. ஐ’ம் ஸ்டில் ஆன் த ஸ்டாக் கவுன்ட். குட் ஐ கிவ் இட் டு யூ பை மண்டே லஞ்ச்?” நாலு காரணம் அடுக்கினால் சாக்குப்போக்கு என்று தோன்றும். தேதி சொல்லாவிட்டால் தட்டிக்கழிப்பதாகத் தோன்றும்.

பேச்சில் ‘ங்க’ உதிர்கிறது என்றால், எழுத்தில் நாம் அதை அளவுக்கு மீறிக் கொட்டுகிறோம். விடுப்பு கேட்கும் மின்னஞ்சல் ஒன்று இப்படி வருகிறது: “ரெஸ்பெக்டட் சார், ஐ வான்ட் லீவ் ஆன் ஃப்ரைடே. கைண்ட்லி கிராண்ட் த சேம் அண்ட் டூ த நீட்ஃபுல்.” ‘ரெஸ்பெக்டட் சார்’ பள்ளிக்கூட விண்ணப்ப நடை, இங்குள்ள அலுவலகங்களில் முதற்பெயரை எழுதி “ஹாய்” அல்லது “டியர்” போடுவார்கள். ‘ஐ வான்ட்’ என்பது கோரிக்கை அல்ல, அறிவிப்பு. ‘டூ த நீட்ஃபுல்’ பழைய ஆங்கிலேய அலுவலக நடை, இந்தியாவில் தங்கிவிட்டது. படிக்கிறவருக்கு என்ன செய்ய வேண்டும் என்றும் அதிலிருந்து தெரியாது. அதே கடிதத்தை இப்படி எழுதலாம்: “குட் ஐ டேக் லீவ் திஸ் ஃப்ரைடே? ஐ வில் ஃபினிஷ் த ஸ்டாக் ரிப்போர்ட் பை தர்ஸ்டே. இஃப் எனிதிங் அர்ஜன்ட் கம்ஸ் அப், ப்ளீஸ் கால் மீ ஆன் மை செல். கைண்ட் ரிகார்ட்ஸ்.” மரியாதை எங்கே இருக்கிறது பாருங்கள்: கேள்வியில் இருக்கிறது, அவர் வேலை தடைப்படாது என்ற உறுதியில் இருக்கிறது.

நினைவூட்டும் கடிதத்தில் ‘யூ’ என்று வாக்கியத்தைத் தொடங்கினால் அது விரல் நீட்டுவது போல. “யூ ஹேவ் நாட் சென்ட் த இன்வாய்ஸ்” என்பதை “ஐ டோன்ட் சீம் டு ஹேவ் த இன்வாய்ஸ் யெட்” என்று மாற்றுங்கள். ‘நீங்க அனுப்பலை’ என்பதற்கும் ‘எனக்கு இன்னும் வரலைங்க’ என்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். கூட்டத்தில் மறுப்புச் சொல்லவும் அதே வழி: “யூ ஆர் ராங்” இல்லை, “ஐ சீ இட் எ லிட்டில் டிஃபரன்ட்லி”.

கடைசியாக, ‘ஆம்’, ‘இல்லை’ இரண்டும் தலைகீழாகும் இடங்கள். “வுட் யூ மைண்ட் ஓபனிங் த விண்டோ?” என்று ஒருவர் கேட்டால், திறந்துவிட எண்ணி “யெஸ்” என்று சொல்லாதீர்கள். ‘ஜன்னலைத் திறந்தால் உங்களுக்கு ஆட்சேபமா?’ என்பதுதான் கேள்வி; ‘யெஸ்’ என்றால் ஆட்சேபம் உண்டு என்றாகிவிடும். “நாட் அட் ஆல்” என்று சொல்லித் திறந்துவிடுங்கள். “டிட்ன்ட் யூ சென்ட் த மெயில்?” என்ற கேள்விக்கு, ‘ஆமாங்க, அனுப்பலை’ என்ற நம் வழக்கப்படி “யெஸ்” என்றால் அனுப்பியதாக எழுதிக்கொள்வார்கள். தலையை மட்டும் ஆட்டினாலும் குழப்பம், நம் பக்கவாட்டு ஆட்டல் இங்கே பலருக்கு ‘இல்லை’ போலத் தெரியும். வாய் திறந்து, வினையையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்: “நோ, ஐ டிட்ன்ட். ஐ’ல் சென்ட் இட் ரைட் நவ்.”