வினிகர் ஊற்றியதாலேயே ஸ்டேக் சாஸ் அலமாரியில் இருக்கலாமா?

டொராண்டோவில் உணவகப் பணியாளர்களுக்கும், வீட்டிலிருந்து உணவு தயாரித்து விற்பவர்களுக்கும் உணவுப் பாதுகாப்புப் பயிற்சி அளிப்பது என் தொழில். கோடை தொடங்கி பார்பிக்யூ அடுப்புகள் வெளியே வந்துவிட்டால், வீட்டில் செய்த ஸ்டேக் சாஸ் பாட்டில்களும் என் மேசைக்கு வரத் தொடங்கிவிடும். அண்மையில் பயிற்சிக்கு வந்த சகோதரி ஒருவர் கொண்டுவந்த பாட்டில்தான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது. தக்காளி, வெங்காயம், காளான், உலர் திராட்சை, எண்ணெயில் வதக்கிய முழுப் பூண்டு ஆகியவற்றை அரைத்துக் காய்ச்சிய சாஸ் அது. பிள்ளைகளுக்குப் புளிக்கிறது என்று குறிப்பில் இருந்த வினிகரைப் பாதியாகக் குறைத்து, மிச்சப் புளிப்பும் தெரியாமலிருக்க ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் சேர்த்திருந்தார். இறுக மூடிய அந்தப் பாட்டில் சில வாரங்களாகச் சமையலறை அலமாரியில் இருந்திருக்கிறது. அதை அக்கம்பக்கத்தாருக்கு விற்கலாமா என்பதே அவருடைய கேள்வி. அளந்து பார்த்தேன், பி.எச். (புளிப்பின், அதாவது அமிலத்தன்மையின் அளவு; எண் கூடக்கூட அமிலம் குறைவு) 5.3.

மூடிய பாட்டிலில், அறை வெப்பத்தில் வைக்கப்படும் எந்தச் சாஸுக்கும் பி.எச். 4.6-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் க்ளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற நுண்ணுயிரி அதற்குள் வளர்ந்து நச்சை உண்டாக்க முடியும். இது தொழிலில் உள்ள எல்லோருக்கும் தெரிந்த எல்லை, ஆனால் வீட்டில் சாஸ் காய்ச்சுகிறவர்களிடம் இதைச் சொன்னால், ஏறக்குறைய எல்லோரும் ஒரே பதிலைத்தான் தருகிறார்கள்: "அதில்தான் வினிகர் சேர்த்திருக்கிறேனே!"

இந்தப் பதில்தான் என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது. எனவே இதைச் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. வினிகர் சேர்த்திருக்கிறதா இல்லையா என்பது கேள்வியே அல்ல. எவ்வளவு சேர்த்தீர்கள், எதனோடு சேர்த்தீர்கள் என்பவையே கேள்விகள். இங்கே கடைகளில் கிடைக்கும் சாதாரண வெள்ளை வினிகரில் 5 விழுக்காடு அசிட்டிக் அமிலம் இருக்கிறது. ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லிலிட்டர் வினிகரில், அமிலம் முக்கால் கிராம் அளவுதான். அந்த ஒரு கரண்டியை அரை லிட்டர் சாஸில் கலந்தால் மொத்தத்தில் அமிலம் 0.15 விழுக்காட்டுக்கு வந்துவிடுகிறது. மறுபக்கம், நீங்கள் அரைத்துப்போட்ட வெங்காயத்தின் பி.எச். 5.3-க்கு மேல், பூண்டு 6-ஐ ஒட்டி, காளான் அதற்கும் மேல். தக்காளியே கூட எல்லைக்கோட்டின் இருபுறமும் ஊசலாடும் பழம். நன்கு பழுத்த சில வகைகள் 4.6-ஐத் தாண்டிவிடும். இத்தனையையும் அந்த முக்கால் கிராம் அமிலம் கீழே இழுத்துவிடும் என்று நம்புவது தவறான கணக்கு.

நாக்கும் உதவாது. சர்க்கரை சேர்த்தால் புளிப்பு அடங்கிவிட்டதுபோல் தோன்றும்; பி.எச். அங்கேயேதான் இருக்கும். சமையல் சோடா சேர்த்தாலும் புளிப்பு அடங்கும். ஆனால் இம்முறை அமிலம் உண்மையாகவே அழிந்துவிட்டது. இரண்டு சாஸும் வாயில் ஒரே மாதிரி இனிக்கும், ஒன்று பாதுகாப்பானதாகவும் மற்றது அபாயகரமானதாகவும் இருக்கும். ஆகவே புளிப்பு அதிகமென்று தோன்றினால் சர்க்கரையோ வெல்லப்பாகோ சேருங்கள்; சோடாவைத் தொடவே தொடாதீர்கள், தண்ணீர் ஊற்றியும் நீர்க்கச் செய்யாதீர்கள்.

கடையில் வாங்கும் சாஸ் மாதக்கணக்கில் அலமாரியில் இருக்கிறதே என்று சிலர் வாதிடுவார்கள். அந்தப் பாட்டிலைத் திருப்பி, சேர்மானப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். நாட்டிங்காம் நகரத்து மளிகை வணிகர் ஃபிரெடரிக் கிப்சன் கார்ட்டன் 1895-இல் பெயர் பதிவுசெய்த எச்.பி. சாஸில் மால்ட் வினிகர், ஸ்பிரிட் வினிகர் என இரண்டு வினிகர்கள் இருக்கின்றன. போதாக்குறைக்கு நம்முடைய புளியும் இருக்கிறது. அவர்கள் ஒவ்வொரு தயாரிப்பையும் அளந்த பிறகே அடைக்கிறார்கள். அந்தச் சுவையை ஒத்த சாஸை நீங்கள் வீட்டில் செய்துவிடலாம். அந்த அளவீட்டை நீங்கள் செய்வதில்லை என்பதுதான் வேறுபாடு. (புளி சேர்ப்பவர்களுக்கு ஒரு சொல்: புளி நல்ல அமிலம்தான், ஆனால் பழையது, புதியது, கரைத்த தண்ணீரின் அளவு ஆகியவற்றுக்கேற்ப அதன் வீரியம் மாறும். வினிகருக்குப் பதிலாக அதை மட்டும் நம்பி அலமாரியில் வைக்காதீர்கள்.)

அடுத்த வாதம், "ஒரு மணி நேரம் கொதிக்கவைத்தேன்" என்பது. கொதிநீரின் வெப்பம் இந்த நுண்ணுயிரியின் வித்துகளை (வெப்பத்தைத் தாங்கி உறங்கிக் கிடந்து, பிறகு வளரக்கூடிய அதன் வடிவத்தை) கொல்லாது; அதற்கு 121 பாகை செல்சியஸ் வேண்டும், அதாவது அழுத்தக் கலன் வேண்டும். கொதிக்கவைப்பதால் போட்டி நுண்ணுயிரிகள் மடிகின்றன, காற்று வெளியேறுகிறது, வித்துகள் மட்டும் எஞ்சுகின்றன. அப்படியே சூடாக ஊற்றி இறுக மூடினால் அவை விரும்பும் இடத்தை நாமே அமைத்துக் கொடுத்தவர்களாகிறோம். உண்டாகிவிட்ட நச்சை 85 பாகையில் 5 நிமிடம் சூடாக்கினால் அழிக்கலாம் என்பது உண்மையே. ஆனால் ஸ்டேக் மேல் ஊற்றும் சாஸை யாரும் மீண்டும் கொதிக்கவைத்து ஊற்றுவதில்லை. பாட்டிலைக் கவிழ்த்து அப்படியே ஊற்றுகிறோம்.

பூண்டையும் எண்ணெயையும் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பூண்டு மண்ணுக்குள் விளைவது. வித்துகள் அதனோடு வருவது இயல்பு. அதை எண்ணெயில் மூழ்கவைத்தால் காற்று படுவதில்லை, வினிகரின் அமிலமும் எண்ணெய்க்குள் இருக்கும் பல்லைப் போய்ச் சேர்வதில்லை. 1985-இல் வான்கூவரில் ஓர் உணவகத்தில் உண்ட 36 பேர் இந்த நச்சால் வரும் பாட்டுலிசம் என்ற நோயால் பாதிக்கப்பட்டார்கள். குளிரில் வைக்க வேண்டிய, சோயா எண்ணெயில் இட்ட நறுக்கிய பூண்டு வெளியே வைக்கப்பட்டிருந்தது. அதை வெண்ணெயோடு கலந்து ரொட்டியில் தடவிக் கொடுத்திருந்தார்கள். அவர்களில் பலருக்கு முதலில் வேறு நோய் என்றே சொல்லப்பட்டது. 1989-இல் நியூயார்க் மாநிலத்துக் கிங்ஸ்டனில் மேலும் மூவர் இதே வகையில் பாதிக்கப்பட்ட பிறகு, எண்ணெயில் இட்டு விற்கப்படும் பூண்டில் அமிலம் சேர்த்தாக வேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் உத்தரவிட்டது. வீட்டில் செய்யும் எண்ணெய்ப் பூண்டைக் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்து, ஒரு வாரத்துக்குள் முடிக்கவோ கொட்டிவிடவோ வேண்டும் என்பது கனடா சுகாதாரத் துறையின் அறிவுரை. அர்ஜென்டினாவின் சிமிச்சுரி சாஸைச் செய்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். பச்சைப் பூண்டும் இலைகளும் எண்ணெயும் கலந்த அது அன்றன்றைக்கு அரைத்து உண்ண வேண்டியது, பாட்டிலில் அடைத்துப் பரிசளிக்க வேண்டியதன்று.

வேதனை என்னவென்றால், வினிகரில் ஊறிய பூண்டு நீலப்பச்சையாக மாறிவிட்டது என்று நல்ல சாஸைக் கொட்டுகிறார்கள். அந்த நிறமாற்றத்தால் எந்தத் தீங்கும் இல்லை. நிறமும் மணமும் மாறாமல் இருக்கிறது என்று நச்சு இருக்கக்கூடிய சாஸை உண்கிறார்கள். மூடி உப்பினால் ஆபத்து என்பது சரி. உப்பவில்லை என்பதால் ஆபத்தில்லை என்பது சரியன்று. சந்தேகம் வந்த சாஸை நுனிநாக்கில் வைத்துக்கூடப் பார்க்கக் கூடாது.

சரி, எப்படிச் செய்வது? குறைவாகச் செய்யுங்கள். கடையில் வாங்கிய தக்காளிக் கெட்ச்சப்பை அடிப்படையாக எடுத்துக்கொள்ளுங்கள். அது ஏற்கனவே போதிய அமிலம் உள்ளது. பச்சைப் பூண்டுக்கும் வெங்காயத்துக்கும் பதிலாக உலர்ந்த பூண்டுத் தூள், வெங்காயத் தூள் சேருங்கள். வினிகரைத் தாராளமாக ஊற்றி, உலர் திராட்சையை அதில் ஊறவைத்து அரைத்து, கடுகுத் தூள், மிளகு, வூஸ்டர்ஷயர் சாஸ் கலந்து காய்ச்சுங்கள். ஆறியதும் சுத்தமான பாட்டிலில் ஊற்றி, 4 பாகைக்கு மேல் போகாத குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஒரு வாரத்தில் முடித்துவிடுங்கள். மிஞ்சினால் பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறையவையுங்கள். தேவைப்படும்போது இரண்டு கட்டிகளை எடுத்துச் சூடாக்கினால் போதும். முட்டைக்கருவில் செய்யும் பெர்னேஸ், பாலேடு சேர்த்த மிளகுச் சாஸ் ஆகியவற்றை மேசைமேல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விட்டுவைக்காதீர்கள். இறைச்சி ஊறிய கலவையைச் சாஸாகப் பயன்படுத்த விரும்பினால் தளதளவென்று கொதிக்கவைத்த பிறகே தட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

அலமாரியில்தான் வைக்க வேண்டும் என்றால், ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இயங்கும் அமெரிக்காவின் வீட்டு உணவுப் பதப்படுத்தலுக்கான தேசிய மையம் சோதித்து வெளியிட்டுள்ள சாஸ் குறிப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் ஒரு கரண்டியைக்கூட மாற்றாமல் செய்யுங்கள். சொந்தக் குறிப்பு என்றால் பி.எச். மானி வாங்குங்கள், 4, 7 என்ற இரு கரைசல்களில் அதைச் சரிபார்த்து, சாஸை நன்கு அரைத்து, ஆறவைத்து, மறுநாள் அளவிடுங்கள். நிறம் மாறும் காகிதத்தைக் கருஞ்சிவப்புச் சாஸில் நனைத்து எதையும் படிக்க முடியாது. விற்பதாக இருந்தால் முதலில் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பிரிவைக் கேளுங்கள்.

பரிசளிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: தயாரித்த நாளையும் சேர்மானங்களையும் எழுதி ஒட்டுங்கள். வூஸ்டர்ஷயர் சாஸில் நெத்திலி மீன் இருக்கிறது. சைவ உணவுக்காரர்களுக்கும் மீன் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். கடுகு, கனடாவில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருள்களுள் ஒன்று. தேன் சேர்த்த சாஸை ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு ஒரு துளியும் கொடுக்காதீர்கள்.

உண்ட 12 முதல் 36 மணி நேரத்துக்குள், சில வேளைகளில் சில நாள் கழித்தும், இமைகள் தொய்ந்து, பார்வை இரட்டையாகி, வாய் உலர்ந்து, பேச்சுக் குழறி, விழுங்கச் சிரமமானால் காய்ச்சல் இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். பெரும்பாலும் காய்ச்சல் இருக்காது. உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். வீட்டில் செய்த சாஸ் உண்டதை மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லுங்கள். நச்சுமுறி மருந்தை எவ்வளவு விரைவாகக் கொடுக்கிறார்களோ அவ்வளவு பயன் உண்டு. பாட்டிலில் மிச்சமிருப்பதைக் கழுவிக் கொட்டிவிடாமல், மூடி, பையிலிட்டுக் கட்டி, யாரும் தொடாத இடத்தில் வைத்திருங்கள். ஆய்வகத்துக்கு அது தேவைப்படும்.