ஹாட் ராட்: சூடான கம்பி அல்ல, கடுந்தேர்

புதிதாக ஒரு ஹாட் ராட் கிட், அதாவது ஒட்டிக் கட்ட வேண்டிய பிளாஸ்டிக் பாகங்கள் அடங்கிய பெட்டி, வரப்போகிறது என்ற செய்தி கசிந்தால் போதும், ஸ்கேல் மாடல் எனப்படும் சின்ன உருவக் கார்களைக் கட்டுகிறவர்கள் அன்றைக்குத் தூங்க மாட்டார்கள். பெட்டியின் மேல் என்ன படம், எந்த எஞ்சின், டயர் நன்றாக இருக்குமா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். எல்லாவற்றுக்கும் முதலில் வரும் கேள்வி ஒன்று உண்டு: "நியூ டூலா, ரீ-இஷ்யூவா?" இந்தப் பரபரப்பைத் தமிழில் யாருக்காவது சொல்ல உட்கார்ந்தால் முதல் சொல்லிலேயே சிக்கிக்கொள்கிறோம். ஹாட் ராட் என்பதற்கு ஒரு இடத்தில் "சூடான கம்பி" என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பொருள். ஹாட் ராட் என்பது ஒரு கம்பெனி தயாரித்த கார் அல்ல. பழைய, மலிவான ஒரு காரை வாங்கி, வேகத்துக்கு உதவாத எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, மட்கார்டு, பம்பர், சில சமயம் முன் கண்ணாடிகூட இல்லாமல், அதற்குள் பெரிய எஞ்சின் ஒன்றை இறக்கி, சொந்தக் கையால் திருத்திக் கட்டிய கார். இது அமெரிக்காவில், அதுவும் தெற்குக் கலிபோர்னியாவில் பிறந்த பழக்கம். 1930களில் அங்கே இளைஞர்கள் இப்படித் திருத்திய கார்களை மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப்படுகைகளுக்கு ஓட்டிக்கொண்டு போவார்கள். தண்ணீர் வற்றி இறுகிப்போன தரை பலகை மாதிரி மட்டமாக இருக்கும், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தடை கிடையாது, எவ்வளவு வேகம் போகிறது என்று அளந்து பார்க்க அதைவிட நல்ல இடம் எது? 1937-இல் தெற்குக் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன் என்ற அமைப்பும் உருவாகி, ஓட்டங்களுக்கு நேரம் குறித்துப் பதிவு வைக்கத் தொடங்கியது.

அந்தக் காலத்தில் இந்தக் கார்களுக்கு ஹாட் ராட் என்ற பெயர் பழக்கத்தில் இல்லை. "கவ் ஜாப்", "ஹாப்-அப்" என்றெல்லாம் சொன்னார்கள். ஹாட் ராட் என்ற சொல் பரவலானது இரண்டாம் உலகப் போர் முடிகிற சமயத்தில்தான். போரிலிருந்து திரும்பியவர்களுக்குக் கையில் கொஞ்சம் பணமும், ராணுவத்தில் கற்றுக்கொண்ட மெக்கானிக் வேலையும் இருந்தன, கார் திருத்துகிற கூட்டம் பெருகியது. ஆரம்பத்தில் பத்திரிகைகளில் இந்தச் சொல்லுக்கு நல்ல பேர் இல்லை, தெருவில் கண்மண் தெரியாமல் ஓட்டுகிற பையன்களைத் திட்டுவதற்குப் பயன்பட்டது. 1948 ஜனவரியில் ராபர்ட் பீட்டர்சன் "ஹாட் ராட்" என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். 1951-இல் வாலி பார்க்ஸ் நேஷனல் ஹாட் ராட் அசோசியேஷனை நிறுவி, பந்தயத்தைத் தெருவிலிருந்து அதற்கென்று உள்ள தடத்துக்குக் கொண்டுபோகப் பாடுபட்டார். வசைச்சொல்லாக இருந்ததை எடுத்து நெஞ்சில் குத்திக்கொண்டு நடந்தவர்கள் அவர்கள், அது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? இரண்டு விளக்கங்கள் சொல்வார்கள். கூரையில்லாத இரண்டு இருக்கைக் காருக்கு ரோட்ஸ்டர் என்று பெயர், "ஹாட் ரோட்ஸ்டர்" தேய்ந்து "ஹாட் ராட்" ஆனது என்பது ஒன்று. எஞ்சினுக்குள் இருக்கும் ராடிலிருந்து வந்தது என்பது இன்னொன்று. பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கிற கனெக்டிங் ராடு நம்ம ஊர் ஒர்க்‌ஷாப்பில் எல்லோருக்கும் தெரிந்த சொல்தான். எது சரி என்று இன்னும் வழக்கு ஓடுகிறது. எனக்கு முதல் விளக்கமே மனசுக்கு ஒட்டுகிறது, ஏனென்றால் அந்த ஏரிப்படுகைகளில் ஓடியவற்றில் பெரும்பாலானவை ரோட்ஸ்டர்கள்தான். எதை எடுத்துக்கொண்டாலும் சரி, "ராட்" இங்கே நாம் கையில் பிடிக்கிற கம்பி அல்ல, "ஹாட்" தொட்டால் சுடுகிற சூடும் அல்ல. அதனால் "சூடான கம்பி" இரண்டு காலும் ஊனமான மொழிபெயர்ப்பு.

இனி தமிழ்ச்சொல்லுக்கு வருகிறேன். "ஹாட்" என்பதற்கு நம்மிடம் "சூடு" மட்டும்தான் இருக்கிறது என்று நினைப்பதில்தான் பிழை ஆரம்பிக்கிறது. "கடு" என்று ஒரு வேர் இருக்கிறது, அதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கடுவெயில், கடுங்கோடை என்றால் வெப்பம். கடுநடை என்றால் வேக நடை, கடுமான் என்றால் விரைந்தோடும் குதிரை, "கடுகி வந்தான்" என்றால் விரைந்து வந்தான். யோசிக்க நேரமில்லாமல் அந்த இடத்திலேயே பாடுகிற ஆசுகவிக்குக் கடும்பா என்று இன்னொரு பேர். சூடும் வேகமும் ஒரே வேரில். இது போதாதென்று கடுங்காப்பி இருக்கிறது. பால் கலக்காத காப்பி அது, மென்மைப்படுத்துகிற எதுவும் சேராமல் உள்ளது உள்ளபடி இருப்பது. மட்கார்டையும் பம்பரையும் கழற்றி எறிந்த கார் வேறென்ன? வெப்பம், வேகம், கலப்பில்லாமை என்று மூன்றையும் ஒரே எழுத்துக்கூட்டில் வைத்திருக்கிற வேர் நம் கையில் இருக்கும்போது கம்பியைச் சுட வைப்பானேன்?

அடுத்த பாதிக்குத் தேர். கடுந்தேர் என்பது நான் புதிதாகக் கட்டிய சொல் அல்ல, புறநானூற்றின் 15-ஆம் பாட்டு "கடுந்தேர் குழித்த ஞெள்ளல்" என்றுதான் தொடங்குகிறது. விரைந்து ஓடும் தேர்கள் தெருவைக் குழியாக்கிவிட்டன என்கிறது அந்த அடி. சக்கரம் தரையைக் கிழித்துக்கொண்டு போன தடம் வரைக்கும் அதில் இருக்கிறது. ஹாட் ராட் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை என்னால் யோசிக்க முடியவில்லை.

இதற்கு ஒரு மறுப்பு வரும், வர வேண்டியதுதான். தேர் என்றால் இன்றைக்குக் கண்முன் வருவது கோயில் தேர், ஊரே வடம் பிடித்து இழுத்து அங்குலம் அங்குலமாக நகர்வது, அதைப் போய் வேகக் காருக்கு வைப்பதா? நியாயமான கேள்விதான். ஆனால் வரிசையில் கோயில் தேருக்கு முன்னால் நிற்பது போர்த்தேர். அதோடு, ஆங்கிலத்தில் கார் என்ற சொல்லே சக்கர வண்டியைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்து, தேருக்கும் பெயராக இருந்ததுதான். நம் கோயில் ஊர்களில் தேரோடும் வீதியை ஆங்கிலத்தில் "கார் ஸ்ட்ரீட்" என்று எழுதி வைத்த பலகைகளை இன்றும் பார்க்கலாம். அந்தத் தெருவில் கார் ஓடுகிறது என்பதற்காக வைத்த பெயர் இல்லை அது. "கடுவுந்து" என்றும் சிலர் சொல்லலாம், மகிழுந்து, பேருந்து வரிசையில் ஒழுங்காகத்தான் நிற்கும். எனக்கு அதில் உயிர் குறைவாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

அப்புறம் கிட். கடுந்தேர் என்று வைத்துவிட்டால் அதன் சின்ன உருவத்துக்குச் சொல் தானாக வந்து விழுகிறது: சிறுதேர். ஆண்பால் பிள்ளைத்தமிழில் பத்தாவது பருவமே சிறுதேர்ப் பருவம்தான், குழந்தை விளையாட்டுத் தேரை உருட்டுகிற பருவம். பட்டினப்பாலையில் "புரவியின்று உருட்டும் முக்காற் சிறுதேர்" என்று வருகிறது. குதிரை இல்லாமல் உருட்டுகிற, மூன்று சக்கரமுள்ள சின்னத் தேர். பிள்ளைத்தமிழில் குழந்தை உருட்டியதைத்தான் இங்கே நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் இரவெல்லாம் உட்கார்ந்து ஒட்டுகிறார்கள்.

மறுபடியும் அந்த முதல் கேள்விக்கு வருகிறேன், புதிய கிட் வருகிறது என்றால் அவ்வளவு ஆரவாரம் ஏன் என்பது அதில்தான் இருக்கிறது. "டூல்" என்று அவர்கள் சொல்வது சுத்தியலோ ஸ்பேனரோ அல்ல, எஃகில் குடைந்த வார்ப்பு அச்சு. உருக்கிய பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை அழுத்தத்தோடு அதற்குள் செலுத்தினால் பாகங்கள் வெளியே வரும். இந்த அச்சைச் செய்வதுதான் பெரிய செலவு, ஒரு முறை செய்துவிட்டால் பல பத்தாண்டுகள் ஓட்டலாம். அதனால் 1960களில் குடைந்த அச்சிலிருந்து வந்த கிட்டே புதுப் பெட்டியில், புதுப் படத்தோடு திரும்பத் திரும்பக் கடைக்கு வரும். ஓடி ஓடித் தேய்ந்த அச்சில் இரண்டு பாதிகளும் இறுகப் பொருந்தாது, இடுக்கில் பிளாஸ்டிக் கசிந்து பாகத்தின் ஓரத்தில் மெல்லிய தோல் மாதிரி நிற்கும், அதை அவர்கள் "ஃப்ளாஷ்" என்கிறார்கள். நமக்குப் பிசிறு என்ற சொல் இருக்கிறது, பட்டறையில் தினமும் சொல்வதுதான். ஆக "நியூ டூல்" என்றால் புது அச்சு, "ரீ-இஷ்யூ" என்றால் பழைய அச்சில் மறுவார்ப்பு. அச்சு என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருக்கிறது, தேர்ச் சக்கரங்களைத் தாங்கும் இருசு. சிறுதேரின் அச்சும் அச்சில் வார்த்ததுதான் என்று சொன்னால் தமிழில் அது பிழையே இல்லை.

அமெரிக்க மாடல்காரர்கள் அப்படிக் கொண்டாடிய புது அச்சு என்றால் ரெவெல் கம்பெனி கொண்டுவந்த 1929 ஃபோர்டு மாடல் ஏ ரோட்ஸ்டரைச் சொல்லலாம். 25-இல் ஒரு பங்கு அளவு, ஒரே பெட்டியில் இரண்டு விதமாகக் கட்டலாம். ஒரு பெட்டியில் பல கார் என்ற வழக்கம் பழையது, ஏஎம்டி கம்பெனி 1958-லேயே "ஒன்றில் மூன்று" கிட்களைக் கொண்டுவந்து, கடையில் வாங்கியபடி, அலங்காரமாக, பந்தயத்துக்கு என்று மூன்று வழிகளைக் கொடுத்தது. ஆனால் ரெவெலின் இந்தக் கிட்டில் ஆட்களைத் தொட்டது வேறு. மாடல் ஏ காரின் உடலை 1932 ஃபோர்டின் சேஸிஸ் என்கிற அடிச்சட்டத்தின் மேல் உட்கார வைத்திருந்தார்கள். ஹாட் ராட் உலகத்தில் அது பெரிய மரியாதைக்குரிய சேர்க்கை. 1932 ஃபோர்டுக்கு "டியூஸ்" என்று செல்லப்பெயர், சீட்டுக்கட்டில் இரண்டுக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர் அது, ஆண்டின் கடைசி எண்ணைப் பார்த்து வைத்தது. அந்த ஆண்டுதான் ஹென்ரி ஃபோர்டு சாதாரண ஜனங்கள் வாங்கக்கூடிய விலையில் எட்டு சிலிண்டர் வி8 எஞ்சினைக் கொடுத்தார். மாடல் ஏயில் இருந்தது நான்கு சிலிண்டர், 40 குதிரைத்திறன். டியூஸின் வி8 தந்தது 65. வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் பிளாக்குக்குள்ளேயே இருப்பதால் மேல்மூடி தட்டையாக இருக்கும், அதனால் "ஃப்ளாட்ஹெட்", தட்டைத்தலை என்றே எழுதலாம். ரெவெல் கிட்டில் வருவது ப்யூக் கம்பெனியின் "நெயில்ஹெட்" எஞ்சின், வால்வுகள் ஆணி மாதிரி மெல்லிசாக நிற்பதால் வந்த பெயர், ஆணித்தலை.

இந்தச் சேர்க்கையைக் கிட்டத்தில் பார்த்தால்தான் அதன் அருமை புரியும். உண்மையான மாடல் ஏயின் முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் நடுவே 103.5 அங்குலம், டியூஸுக்கு 106. வித்தியாசம் இரண்டரை அங்குலம், அதை 25-ஆல் வகுத்தால் இரண்டரை மில்லிமீட்டர், ஒரு நெல்மணியின் குறுக்களவு. பழைய கிட்களை வைத்து இதைச் செய்தவர்கள் இரண்டு பெட்டிகளை வாங்கி, ஒன்றின் உடலை மற்றதின் சேஸிஸில் பொருத்த, அறுத்து, தேய்த்து, இடுக்கைப் பட்டி பூசி அடைத்து, அந்த நெல்மணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். இப்படிப் பல கிட்களைக் கலந்து கட்டுவதை அவர்கள் "கிட்பாஷிங்" என்பார்கள், நாம் ஒட்டுக்கட்டுதல் என்று சொல்லலாம், மாங்கன்றுக்குச் செய்கிறோமே அதே வேலை, ஒன்றின் வேரில் இன்னொன்றின் கிளை. ஒட்டுக்கட்டித்தான் கிடைக்கும் என்றிருந்த கார் புது அச்சில் ஒரே பெட்டியில் வந்தபோது அவர்கள் ஏன் குதித்தார்கள் என்று இப்போது தெரிகிறதா?

பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் கிளையை "ஸ்ப்ரூ" என்கிறார்கள், சில பேர் "ட்ரீ". நான் கொடி என்கிறேன், அவரைக்காய் பறிக்கிற மாதிரி ஒவ்வொன்றாக நறுக்கி எடுப்பதால். வெட்டும்போது பாகத்தை ஒட்டி வெட்டக்கூடாது, காம்பு கொஞ்சம் விட்டு வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவி, உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். பசை போடுவதற்கு முன்னால் உடலைச் சேஸிஸ் மேல் சும்மா வைத்துப் பார்ப்பது எல்லோருக்கும் உள்ள பழக்கம். நல்ல புது அச்சாக இருந்தால் விரலால் அழுத்தவே வேண்டாம், சின்னதாக ஒரு "டிக்" சத்தம் கேட்கும், உடல் சட்டத்தின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும்.