மீதிச் சில்லறையை வாங்கிக்கொள்ளுங்கள்

ஏப்ரல் மாதம் எங்கள் சிறப்புப் பள்ளியில் ஆண்டு முடிவுக் கண்காட்சி நடந்தது. தொழில் முன்பயிற்சி வகுப்புப் பிள்ளைகள் செய்த பேப்பர் பை, மெழுகுவர்த்தி, வர்ணம் தீட்டிய அகல் விளக்கு எல்லாம் மேசை மேல் இருந்தன. எதை எடுத்தாலும் பத்து ரூபாய். கல்லாவில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். வந்திருந்த ஒரு பெரியவர் பை ஒன்றை எடுத்துக்கொண்டு ஐம்பது ரூபாய் நோட்டை நீட்டினார். பையன் அதை வாங்கி டப்பாவில் போட்டான். பத்து ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் அட்டையில் வைத்துப் பார்த்தான். நான்கையும் அடுக்கி அவரிடம் நீட்டினான். "பரவால்லப்பா, நீயே வெச்சுக்க" என்று அவன் கன்னத்தைத் தட்டிவிட்டு அவர் நகர்ந்துவிட்டார்.

நல்ல மனசுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பையன் நீட்டிய கையை மடக்கவில்லை. அடுத்தவர் வந்து நின்ற பிறகும் நாற்பது ரூபாயைப் பிடித்தபடி பெரியவர் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் என்னிடம் திரும்பி, "தப்பா மிஸ்?" என்று கேட்டான்.

அந்த நாற்பது ரூபாய்க்குப் பின்னால் ஏழு மாத உழைப்பு இருக்கிறது. செப்டம்பரில் நோட்டுகளைப் பிரித்து வைப்பதில் தொடங்கினோம். நிறத்தை வைத்துச் சொல்லித்தந்தோம். சாக்லேட் பழுப்பு என்றால் பத்து, நீலம் என்றால் ஐம்பது, ஊதா என்றால் நூறு. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் பழைய பத்து ரூபாய் நோட்டு ஒன்று கைக்கு வந்தது, அதோடு எல்லாம் குழம்பிவிட்டது. பழசும் புதுசும் நிறத்தில் ஒத்துப்போவதில்லை. போதாததற்குப் பத்து ரூபாய் நாணயம் வேறு. சரி என்று நிறத்தை விட்டுவிட்டு, எண்ணைப் பார்க்க மறுபடி முதலிலிருந்து பழக்கினோம். கழித்தல் கணக்கு அவனுக்கு வராது. அதனால் ஓர் அட்டை செய்தோம். மேலே ஐம்பது ரூபாய் நோட்டின் படம், கீழே பத்து ரூபாய் நோட்டு அளவில் நான்கு கட்டங்கள். கட்டங்கள் நிரம்பிவிட்டால் மீதி சரி என்று அர்த்தம். இருபதுக்கு ஒரு கட்டம், நூறுக்கு ஒன்பது கட்டம். எல்லாப் பொருளுக்கும் ஒரே விலை வைத்ததும் இதற்காகத்தான்.

வகுப்பில் எத்தனையோ தடவை சரியாகச் செய்துவிட்டான். ஆனால் முன்பின் தெரியாத ஒருவரிடம் செய்துகாட்டினால்தான் கற்றுக்கொண்டதாக நாங்கள் கணக்கு வைப்போம். கண்காட்சிதான் அதற்கான பரீட்சை. வாடிக்கையாளர் மீதியை வாங்காமல் போனால், பிள்ளை எழுதிய விடைத்தாளைத் திருத்தாமலே திருப்பிக் கொடுத்த மாதிரி. எங்களைப் போன்ற பள்ளிகளின் கண்காட்சிக்கு வருகிறவர்களிடம் நான் கேட்பது இது ஒன்றைத்தான். சில்லறையைக் கையில் வாங்குங்கள், அவன் கண் முன்னால் எண்ணிப் பாருங்கள், குறைந்தால் குறைகிறது என்று சொல்லுங்கள். நன்கொடை தர விரும்பினால் அலுவலகத்தில் ரசீது போட்டுத் தாராளமாகத் தரலாம்.

எங்கள் பிள்ளைகளுக்கு முழு ஆண்டுத் தேர்வு கிடையாது, ரேங்க் கிடையாது. ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபைல் உண்டு. ஜூன் மாதம் பிள்ளைக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று மதிப்பிட்டு, அந்த வருடத்துக்கான இலக்குகளை எழுதுவோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருப்பிப் பார்ப்போம். இதற்குச் சென்னையிலேயே உருவான எம்.டி.பி.எஸ். என்ற திறன் மதிப்பீட்டுப் பட்டியல் இருக்கிறது. 18 பகுதிகள், பகுதிக்கு 20 திறன்கள், மொத்தம் 360. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காகச் செகந்திராபாத்தில் இயங்கும் தேசிய நிறுவனம் தயாரித்த எஃப்.ஏ.சி.பி. பட்டியலையும் பல பள்ளிகள் பயன்படுத்துகின்றன. எங்கள் பள்ளியில் அதுதான்.

அந்தப் பட்டியலில் மதிப்பெண்ணுக்குப் பதில் குறியீடுகள் இருக்கும். கையைப் பிடித்துச் செய்யவைத்தால் பி.பி., வாயால் சொல்லச் சொல்லச் செய்தால் வி.பி., லேசாக ஒரு சைகை காட்டினாலே போதும் என்றால் சி, தானாகவே செய்தால் கூட்டல் குறி. ஏப்ரலில் ஃபைலைத் திறக்கும் பெற்றோர் பெரும்பாலும் கூட்டல் குறியை மட்டும்தான் தேடுகிறார்கள். அது நிறைய இல்லையென்றால் முகம் வாடிவிடுகிறது. பி.பி. போய் வி.பி. வந்திருப்பதை விரல் வைத்துக் காட்டி நான் விளக்கவேண்டியிருக்கிறது. பிள்ளையின் கையிலிருந்து நம் கை விலகிவிட்டது என்று அதற்கு அர்த்தம். சில பிள்ளைகளுக்கு அந்த ஒரு மாற்றத்துக்கே முழு வருடம் ஆகிறது.

ஒரு டிபன் பாக்ஸ் கதையைச் சொல்கிறேன். டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒன்பது வயதுப் பையன். இந்தப் பிள்ளைகளுக்குத் தசைகளின் இறுக்கம் குறைவாக இருக்கும், விரல்கள் குட்டையாக இருக்கும். நாலு பக்கமும் கிளிப் வைத்த டப்பாவைத் திறப்பது அவர்களுக்குப் பெரிய வேலை. தினமும் மதியம் டப்பாவை ஆயாம்மாவிடம் நீட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவான். நாங்கள் கடைசியிலிருந்து தொடங்கினோம். ஜூன், ஜூலையில் நாலு கிளிப்பையும் நாங்களே எடுத்துவிடுவோம், மூடியைத் தூக்குவது மட்டும் அவன் வேலை. தூக்கினால் உள்ளே சாப்பாடு. அதைவிடப் பெரிய பரிசு வேறு என்ன வேண்டும்? ஆகஸ்டில் ஒரு கிளிப்பை விட்டுவைத்தோம். கட்டைவிரலை எங்கே வைத்து நெம்பவேண்டும் என்று தெரிவதற்காக அந்த இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினோம். அக்டோபரில் இரண்டு கிளிப். நவம்பரில் காய்ச்சல் வந்து பத்து நாள் லீவு, திரும்பி வந்தபோது மறுபடி ஒன்றுக்கு இறங்கிவிட்டான். ஜனவரி கடைசியில் நான்கையும் திறந்தான். மார்ச் மாதத்தில் ஒருநாள், பக்கத்தில் இருந்த பிள்ளை தன் டப்பாவோடு போராடிக்கொண்டிருந்தது. இவன் எட்டி அதை இழுத்து, நாலு பக்கமும் டக் டக்கென்று திறந்து, அதன் முன்னால் தள்ளிவிட்டுத் தன் சாப்பாட்டைத் தொடர்ந்தான். ஆயாம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவன் அம்மாவிடம் சொன்னபோது அவருக்கு நம்பவே முடியவில்லை. "வீட்டுல தட்டுல போட்டுக் கொடுத்துடுவேன் மிஸ், டப்பா திறக்கற வேலையே அவனுக்குக் கிடையாது" என்றார். நாங்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இதுதான். பள்ளியில் வந்த திறமை தானாக வீட்டுக்கு வந்துவிடுவதில்லை, அங்கேயும் அதற்கு ஒரு வேலை இருக்கவேண்டும். இப்போது அவர்கள் வீட்டில் பிஸ்கட் கிளிப் போட்ட டப்பாவுக்கு மாறியிருக்கிறது.

ஆண்டு விழா பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஆண்டு விழா என்றால் ஜனவரியிலிருந்தே ஒத்திகை. பேச்சுப் பயிற்சி, எழுத்துப் பயிற்சி எல்லாம் ஓரமாகப் போய்விடும். ஆட்டிசம் உள்ள ஏழு வயதுப் பையன் ஒருவனுக்கு ஜிகினா வைத்த சட்டை போட்டு, கன்னத்தில் பவுடர் பூசி, மேடையில் முதல் வரிசையில் நிறுத்தினோம். அவனுக்குச் சொரசொரப்பான துணி ஆகாது என்று எனக்குத் தெரியும். சத்தம் ஆகாது என்றும் தெரியும். ஆனாலும் நிறுத்தினோம். நானும்தான். பாட்டு ஆரம்பித்ததும் பக்கத்தில் இருந்த ஸ்பீக்கர் அதிர்ந்தது. அவன் காதைப் பொத்திக்கொண்டு அலறி, கையைக் கடித்துக்கொண்டான். சபையில் சிலர் சிரித்தார்கள். அவன் அம்மா மேடைக்கு ஓடி வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போனார். அந்த அம்மா அதற்கப்புறம் பல மாதம் எந்த விசேஷத்துக்கும் அவனை அழைத்துப் போகவில்லை. அன்று நான் வாய் திறந்திருக்கவேண்டும்.

இப்போது எங்கள் விழா பகலில், எங்கள் கூடத்திலேயே நடக்கிறது. ஸ்பீக்கர் மேடையிலிருந்து தள்ளி, மெல்லிய சத்தத்தில். புது உடை என்றால் இரண்டு வாரம் முன்பே வீட்டில் போட்டுப் பழகவேண்டும், உள்ளே உறுத்தும் லேபிளை வெட்டிவிடவேண்டும். பக்கத்து அறையில் பாய் விரித்து, ஃபேன் மட்டும் ஓடும்படி அமைதியாக வைத்திருப்போம், யாருக்கு முடியவில்லையோ அவர்கள் அங்கே போய்க்கொள்ளலாம். ஒத்திகை கடைசி மூன்று வாரம், தினமும் அரைமணி நேரம் மட்டும். மேடை ஏறப் பிடிக்காத பிள்ளைக்குத் திரையை இழுக்கும் வேலை, விருந்தினருக்குத் தண்ணீர் கொடுக்கும் வேலை என்று ஏதாவது இருக்கும். ஒரு பெண்பிள்ளை இந்த வருடம் விருந்தினர் எல்லோருக்கும் தண்ணீர் டம்ளரைத் தட்டில் வைத்துச் சிந்தாமல் கொண்டுபோய்க் கொடுத்தாள். எனக்கு நடனங்களைவிட அதுதான் கண்ணிலேயே நிற்கிறது.

சான்றிதழிலும் ஒரு மாற்றம் செய்தோம். 'சிறந்த மாணவர்', 'நன்னடத்தை' என்று அச்சடித்த அட்டைகளை நிறுத்திவிட்டோம். அந்தப் பிள்ளை இந்த வருடம் செய்த ஒன்றைக் கையால் எழுதித் தருகிறோம். 'நான்கு கிளிப் டப்பாவைத் தானே திறந்தார்', 'பள்ளி வேனில் சீட் பெல்ட்டைத் தானே போட்டார்', 'மருத்துவர் பல் பார்க்கும்போது வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தார்'. வீட்டுக்கு வரும் உறவினர்கள் அதைப் படித்துவிட்டு, அதைப் பற்றியே பிள்ளையிடம் பேசுகிறார்களாம்.

விளையாட்டு விழாவில் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் முறையையே நாங்களும் வைத்துக்கொண்டிருக்கிறோம். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காக 1968இல் தொடங்கிய அந்த விளையாட்டு அமைப்பு, ஏறக்குறைய ஒரே திறன் உள்ளவர்களைத்தான் ஒரே போட்டியில் இறக்குகிறது. அதனால் 25 மீட்டர் நடையிலும் யாருக்கும் முடிவு முன்கூட்டியே தெரியாது. ஜெயித்தால் துள்ளுகிறார்கள், தோற்றால் அழுகிறார்கள். அழட்டும், தோற்கிற உரிமையும் அவர்களுக்கு உண்டு.

பெற்றோர் சந்திப்புக்கு அப்பாக்கள் வருவது குறைவு. அப்பாவும் வந்தே ஆகவேண்டும் என்று இந்த வருடம் பிடிவாதமாக நின்றோம், சனிக்கிழமை மாலையில் வைத்தோம், பாதிப் பேருக்கு மேல் வந்தார்கள். பேச்சு வராத ஆறு வயதுப் பெண்குழந்தையின் அப்பா ஒருவர், படஅட்டை கொடுத்துக் கேட்கப் பழக்குவதை ஆரம்பத்திலிருந்தே எதிர்த்தவர். "அட்டை பழகிட்டா அப்புறம் பேசவே மாட்டா" என்பார். நிறைய வீடுகளில் இந்தப் பயம் இருக்கிறது. படஅட்டை பேச்சைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்தபிறகு சில பிள்ளைகளுக்குச் சொற்கள் வரவும் செய்கின்றன. சந்திப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அந்தக் குழந்தை எழுந்து, தண்ணீர்ப் படத்தை உரித்து எடுத்துக்கொண்டு போய், என்னைத் தாண்டி, அம்மாவைத் தாண்டி, அப்பாவின் உள்ளங்கையில் வைத்தது. அவர் பாட்டிலைத் தேடிய வேகத்தைப் பார்த்திருக்கவேண்டும்.

அடுத்து கோடை விடுமுறை. ஒரு மாதத்துக்கு மேல் பயிற்சி விட்டுப்போனால் கற்றதில் ஒரு பகுதி நழுவிவிடும், எங்கள் பிள்ளைகளிடம் அது வேகமாக நடக்கும். அதனால் வீட்டுக்கு இரண்டே இரண்டு வேலைதான் எழுதித் தருகிறோம். பத்து எழுதினால் ஒன்றுகூட நடக்காது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் சிலருக்குப் பள்ளி திடீரென்று நின்றுவிடுவதே பெரிய கலக்கம். காலையில் யூனிஃபார்மைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பார்கள். விடுமுறைக்கு முன்பே நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துக் காட்டுங்கள், பள்ளி திறக்கும் நாளில் பள்ளியின் படத்தை ஒட்டிவையுங்கள். இன்னொன்று, வலிப்பு மாத்திரை சாப்பிடும் பிள்ளைகளை ஊருக்கு அழைத்துப் போகிறவர்கள் மாத்திரையை எண்ணி, இரண்டு மூன்று நாளுக்குக் கூடுதலாகவே எடுத்துப் போங்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம்.

பதினெட்டு வயதை எட்டும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு தனிச் செய்தி. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு, பதினெட்டுக்குப் பிறகு அப்பா அம்மா தானாகவே சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் பாதுகாவலர் சான்று கேட்டு விண்ணப்பிக்கலாம். வங்கிக் கணக்கு, சொத்து என்று வரும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. விடுமுறையில் இந்த வேலையை முடித்துக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான யு.டி.ஐ.டி. அடையாள அட்டையில் செல்லுபடியாகும் தேதி போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கல்லாவில் இருந்த பையனுக்கு அடுத்த மாதம் பதினெட்டு. அவனுக்கு நாங்கள் கொடுத்திருக்கும் விடுமுறை வேலை, தினமும் காலையில் தெருமுனை பூத்தில் பால் பாக்கெட் வாங்கி வருவது. அம்மா நாலு வீடு தள்ளி நின்று பார்த்துக்கொள்கிறார். பால் விலை பத்து ரூபாய்க் கணக்கில் வராது என்பதால், அதற்கேற்ற கட்டங்களோடு புது அட்டை ஒன்று செய்து சட்டைப் பையில் வைத்திருக்கிறோம், இந்த முறை மீதியை வாங்குபவன் அவன். பூத்துக்காரரிடம் அம்மா ஒரே ஒரு உதவி கேட்டிருக்கிறார். சில்லறையை அவன் கையிலேயே கொடுங்கள், அவன் அட்டையில் வைத்துப் பார்க்கும்வரை கொஞ்சம் பொறுங்கள் என்று. பின்னால் வரிசை நின்றாலும் பொறுக்கிறாராம். நேற்று இரண்டு ரூபாய் குறைந்திருக்கிறது. இவன் நகராமல் நின்று, காலிக் கட்டத்தைக் காட்டி, கேட்டு வாங்கி வந்திருக்கிறான்.