செயலற்ற வீடு என்று ஒரு வீடு இல்லை

மிகக் குறைந்த ஆற்றலிலேயே உள்ளே இதமாக இருக்கும்படி கட்டும் வீட்டை ஆங்கிலத்தில் ‘பாசிவ் ஹவுஸ்’ என்பார்கள். வீடு கட்டுவது பற்றிய மொழிபெயர்ப்புகளில் அதற்குச் ‘செயலற்ற வீடு’ என்ற தொடர் கிட்டத்தட்ட நிலைத்துவிட்டது. ‘செயலற்ற சூரிய வடிவமைப்பு’, ‘செயலற்ற குளிரூட்டல்’ என்று அதற்குக் குட்டிகளும் உண்டு. அண்மையில் படித்த ஒரு கட்டுரை ‘ஆற்றல் திறன்மிக்க செயலற்ற குடும்ப வீடு’ என்றே எழுதியிருந்தது. திறன்மிக்கவர், ஆனால் செயலற்றவர். வீட்டைச் சொல்கிறார்களா, மேலதிகாரியைப் பற்றி யாரோ எழுதிப்போட்ட மொட்டைக் கடிதமா?

தமிழில் எதைச் செயலற்றது என்போம்? இரண்டு ஆண்டுகள் வரவு செலவே இல்லாமல் கிடக்கும் வங்கிக் கணக்கை. தேர்தலே நடத்தாத சங்கத்தை. அதிர்ச்சியில் ஒருவர் செயலற்று நிற்பார். இந்த வரிசையில் ஒரு வீட்டைச் சேர்த்தால், மின் இணைப்பைத் துண்டித்துப் பூட்டிப்போட்ட வீடுதான் மனத்தில் வரும். சொல்ல வந்த வீடோ சுவரின் கனம் முதல் சன்னல் இடுக்கு வரை கணக்குப் போட்டுக் கட்டப்படுவது.

மூலச்சொல் பாசிவ். லத்தீனில் ‘பாடுபடு, பட்டு அனுபவி’ என்னும் பொருள் கொண்ட வினையடியிலிருந்து வந்தது. பொறுமையைக் குறிக்கும் பேஷன்ஸ், நோயாளியைக் குறிக்கும் பேஷன்ட் இரண்டுக்கும் வேர் அதுவே. நம் ‘படு’வும் இதே வேலையைச் செய்கிறது, ‘அடிபட்டான்’ என்பதில் அடி வந்து சேர்ந்தது, அவன் வாங்கிக்கொண்டான். ஆகவேதான் பாசிவ் வாய்ஸுக்குச் செயப்பாட்டு வினை என்று பெயர் வைத்தவர்கள் சரியாக வைத்தார்கள். அவர்கள் அதைச் ‘செயலற்ற வினை’ என்று சொல்லவில்லை. செயலை ஏற்பது வேறு, செயலே இல்லாமல் கிடப்பது வேறு. பின்னதற்கு ஆங்கிலத்திலேயே இன்ஆக்டிவ், இனர்ட் என்று தனிச்சொற்கள் உண்டு.

சரி, வீடு எப்படிப் பாசிவ் ஆயிற்று?

1988இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போ ஆடம்சனும் ஜெர்மானிய இயற்பியலாளர் வோல்ஃப்காங் ஃபைஸ்டும் பேசிப் பேசி உருவாக்கிய கருத்து இது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் கிரானிக்ஷ்டைன் என்ற பகுதியில் முதல் வீடு எழுந்தது. 1991இல் நான்கு குடும்பங்கள் குடியேறின, ஃபைஸ்டின் குடும்பமும் அதில் ஒன்று. வெளிச்சுவரில் சுமார் 27 சென்டிமீட்டர், கூரையில் 45 சென்டிமீட்டர் கனத்துக்கு வெப்பக்காப்பு. சன்னல்களில் மூன்றடுக்குக் கண்ணாடி. 1996இல் அதே ஊரில் பாசிவ்ஹவுஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது.

அளவுகோலும் தெளிவானது. ஆண்டு முழுவதற்கும் வீட்டைச் சூடேற்ற, தரைப்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 15 யூனிட்டுக்கு (கிலோவாட்-மணிக்கு) மேல் வெப்பம் தேவைப்படக் கூடாது. நூறு சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 1,076 சதுர அடி வீடு என்றால் 1,500 யூனிட். எண்ணெய்க் கணக்கில் 150 லிட்டர் அளவு. பனி பெய்யும் ஊரில் ஒரு குளிர்காலம் முழுவதற்கும் இவ்வளவுதான். அப்புறம் காற்றுக்கசிவு. உள்ளுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் அழுத்த வேறுபாடு உண்டாகும்படி மின்விசிறி வைத்துச் சோதிக்கும்போது, வீட்டுக் காற்றின் கொள்ளளவில் மணிக்கு 0.6 மடங்குக்கு மேல் கசியக் கூடாது.

மீதி வெப்பம் எங்கிருந்து வரும்? உள்ளே இருக்கும் மனிதர்களிடமிருந்தும் (சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளே 80 முதல் 100 வாட் வரை வெளிவிடுகிறார்), அடுப்பிலிருந்தும், தெற்குச் சன்னல் வழியாக வரும் வெயிலிலிருந்தும்தான். இதை விளக்க ஜெர்மானியர்கள் சொல்லும் உவமை காப்பி. காப்பியைச் சூட்டுத் தட்டின் மேல் வைத்து மின்சாரத்தால் சூடாகவே வைத்திருந்தால் அது ஆக்டிவ். ஃபிளாஸ்கில் ஊற்றி மூடினால் பாசிவ். ஃபிளாஸ்கைச் ‘செயலற்ற குடுவை’ என்று எந்தத் தமிழராவது சொல்வாரா?

இந்த வீட்டில் ஒரு கருவி நாள் முழுக்க ஓடிக்கொண்டிருப்பதுதான் வேடிக்கை. இடுக்கெல்லாம் அடைத்துவிட்ட வீட்டுக்குள் புதுக்காற்று வர வேண்டும். காற்றோட்டக் கருவி அழுக்குக் காற்றை வெளியே தள்ளும்போதே அதிலுள்ள வெப்பத்தில் முக்கால் பங்கையாவது பிடித்து, உள்ளே வரும் குளிர்காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. மூச்சுக்கென்று எப்படியும் உள்ளே வந்தாக வேண்டிய அந்தக் காற்றைச் சற்றே சூடேற்றினால் வீடு முழுவதற்கும் போதும் என்பதுதான் பாசிவ்ஹவுஸின் இலக்கணமே. செயலற்றது எங்கே இருக்கிறது?

‘அகராதியில் அப்படித்தான் இருக்கிறது’ என்பார்கள். அகராதி ஒரு சொல்லுக்கு நான்கு பொருள் தந்தால் முதலில் உள்ளதை உருவிக்கொண்டு ஓடுவது மொழிபெயர்ப்பு ஆகாது. இதே பாசிவால் நூறாண்டுக்கு முன்பே ஒரு பெரிய வழக்கு நடந்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் காந்தி தொடங்கிய போராட்டத்தை முதலில் பாசிவ் ரெசிஸ்டன்ஸ் என்றார்கள். அது வலுவற்றவர்களின் ஆயுதம் என்ற எண்ணத்தைத் தருகிறது என்று காந்திக்கே பிடிக்கவில்லை. நல்ல சொல் தருமாறு தம் பத்திரிகையில் கேட்டார். மகன்லால் காந்தி ‘சதாக்கிரகம்’ என்று அனுப்ப, அதைத் திருத்திச் சத்தியாக்கிரகம் ஆக்கினார். தமிழிலும் பாசிவ் ரெசிஸ்டன்ஸைச் சாத்வீக எதிர்ப்பு என்றார்களே தவிர, செயலற்ற எதிர்ப்பு என்று எழுதிக் கெடுக்கவில்லை. அன்று மொழிபெயர்த்தவர்களுக்கு இருந்த கூச்சம் இன்று ஏன் இல்லை?

செயலற்ற வீட்டைப் பிடிக்காதவர்கள் வைக்கும் மாற்றுகளிலும் எனக்கு மனக்குறை உண்டு. ‘இயற்கை வீடு’ என்றால் மண்ணும் மூங்கிலும் வைத்துக் கட்டியது என்றே எண்ணுவோம். பாசிவ்ஹவுஸில் பெட்ரோலியத்திலிருந்து வந்த தெர்மாகோல் காப்பும் தாராளமாக இருக்கலாம், டார்ம்ஸ்டாட் வீட்டுச் சுவரில் இருப்பதே அதுதான். ‘தற்சார்பு வீடு’ என்றால் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே ஆக்கிக்கொள்ளும் வீடு. அது வேறு சங்கதி. பாசிவ்ஹவுஸின் கூரையில் சூரியத் தகடு இருந்தே ஆக வேண்டும் என்று விதி இல்லை. ‘பசுமை வீடு’ என்ற பெயரைத் தமிழ்நாடு அரசே 2011இல் எடுத்துக்கொண்டுவிட்டது, 300 சதுர அடியில் சூரிய விளக்குகளோடு கட்டித்தந்த திட்டத்துக்கு. போதாக்குறைக்குப் பசுமை இல்ல வாயு வேறு குறுக்கே நிற்கிறது. ‘பொறியிலா வீடு’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் காற்றோட்டக் கருவி இருக்கிறதே.

நான் சொல்வது வெப்பக்காப்பு வீடு. வெப்பக்காப்பு, மின்காப்பு எல்லாம் பள்ளிப் பாடத்திலேயே ஊறிய சொற்கள். ‘பாசிவ்’ என்ற எழுத்தைப் பெயர்க்காமல் வீடு என்ன செய்கிறது என்பதைச் சொல்கிறது. வெயில் ஊரில் இந்தப் பெயர் பொருந்துமா என்று கேட்கலாம். ஃபிளாஸ்க் ஐஸ்கட்டியையும் காக்கும். வெளிவெப்பம் உள்ளே வராமல் தடுப்பதும் வெப்பக்காப்புதான். தூய தமிழ் என்பதற்காக மட்டும் இதைப் பரிந்துரைக்கவில்லை. விளங்காத தூய தமிழைவிடப் ‘பாசிவ் வீடு’ என்று அப்படியே எழுதிவிடுவது ஆயிரம் மடங்கு மேல். சான்றிதழ் பெற்ற வீட்டைக் குறிக்கும்போது பாசிவ்ஹவுஸ் என்ற பெயரை அப்படியே வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பாசிவ் சோலாருக்கு இந்தச் சொல் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே பாசிவ் என்றால் குழாயும் பம்பும் இல்லாமல், கட்டடமே வெயிலை வாங்கி வைத்துக்கொள்வது. கட்டடக்கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் 1944இல் வரைந்து, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1948இல் முடிந்த ஜேக்கப்ஸ் குடும்பத்தின் இரண்டாவது வீடு நல்ல சான்று. அரைவட்டமாக வளைந்த வீடு. தெற்கே இரண்டு மாடி உயரத்துக்குக் கண்ணாடி. வடக்கே சுவரோடு அணைத்துக் குவித்த மண்மேடு, குளிர்காற்றைத் தடுக்க. குளிர்காலத்தின் தாழ்ந்த வெயில் உள்ளே வந்து கான்கிரீட் தரையையும் கற்சுவரையும் சூடேற்றும், கோடையின் உச்சி வெயிலை நீண்ட கூரை மறைக்கும். இதை ‘நேர்வெயில் வீடு’ என்று சொன்னால் யாருக்கும் புரியும். பாசிவ் கூலிங்கைப் ‘பொறியில்லாக் குளிர்ச்சி’ எனலாம். ஒரே ஆங்கிலச் சொல் வந்த இடமெல்லாம் ஒரே தமிழ்ச் சொல்லை ஒட்டியாக வேண்டும் என்ற பிடிவாதம்தான் இந்தக் குழப்பத்துக்கெல்லாம் காரணம்.

ஜேக்கப்ஸ் வீட்டைப் போன்றவற்றுக்கு ஆங்கிலத்தில் ஸ்கல்ப்சுரல் என்று ஓர் அடைமொழி போடுவார்கள். உடனே தமிழில் ‘சிற்பக் கட்டடக்கலை’ வந்துவிடுகிறது. (கட்டிடம் என்று எழுதுவோருக்கு: கட்டும் இடம் கட்டிடம், கட்டி முடித்தது கட்டடம். இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.) சிற்பம் என்ற வடசொல் முதலில் கைவினை முழுவதையும் குறித்தது, சிற்பநூல் என்றாலே கோயிலும் மனையும் கட்டும் நூல்தான். இன்று ‘சிற்பக் கட்டடம்’ என்றால் தூணுக்குத் தூண் யாளி நிற்கும் மண்டபம் நினைவுக்கு வரும். ஸ்கல்ப்சுரல் சொல்வது நேர்மாறு: ஓர் உருவமும் ஒட்டியிருக்காது, கட்டடமே மொத்தமாகச் செதுக்கி எடுத்தது போல நிற்கும். மாமல்லபுரத்து இரதங்களில் அது உவமையே அல்ல, ஒற்றைப் பாறையில் உண்மையாகவே செதுக்கியது. ‘செதுக்கினாற்போன்ற வீடு’, ‘வடித்தெடுத்த வீடு’ என்றால் போதுமே.

வெப்பத்தைக் காப்பதும் செதுக்கினாற்போல் வளைந்து நிற்பதும் ஒன்றோடொன்று சண்டை போடும் என்பதும் ‘செயலற்ற சிற்ப வீடு’ எழுதுபவர்களுக்குத் தெரிவதில்லை. மடிப்பும் துருத்தலும் கூடக்கூட வெளிப்பரப்பு கூடும், ஒவ்வொரு மூலையும் வெப்பம் ஒழுகும் வழியாகும். அதனால் வெப்பக்காப்பு வீடு பெரும்பாலும் கச்சிதமான பெட்டி வடிவில்தான் இருக்கும். வளைவு வேண்டும் என்றால் அதற்கும் சேர்த்துக் காப்புப் போட வேண்டும்.

‘ஆற்றல் திறன்மிக்க’ என்பதற்கும் ஒரு வார்த்தை. திறன்மிக்கது என்றால் வலுவானது என்று படிக்கிறோம். எரிபொருள் சிக்கனம், மின் சிக்கனம் என்று அரசு விளம்பரமே பழக்கிவிட்ட சிக்கனம் இருக்கும்போது எதற்கு இந்தச் சுற்று? ‘ஒற்றைக் குடும்ப இல்லம்’ என்பது இன்னும் மோசம். வீட்டுமனைத் தரகரைக் கேளுங்கள், ‘தனி வீடு’ என்று பட்டென்று சொல்வார்.

டார்ம்ஸ்டாட் வீடு அந்தக் கணக்கில் தனி வீடே அல்ல. பக்கச்சுவரைப் பகிர்ந்துகொண்டு ஒட்டி நிற்கும் நான்கு வீடுகள், அதாவது வரிசை வீடு. ஆங்கிலத்தில் டெரஸ்டு ஹவுஸ் என்பார்கள்; அதையும் ஒருவர் ‘மொட்டைமாடி வீடு’ ஆக்கியதைப் பார்த்தாயிற்று. அங்கே கூரைமேல் மண் போட்டுப் புல் வளர்த்திருக்கிறார்கள், வடாம் காயப்போட வழியில்லை.