அமிலம் பட்டால் தேட வேண்டியது குழாயை, சோடா உப்பை அல்ல

முதலாண்டு வேதியியல் ஆய்வகத்தில் இந்தப் பருவமும் அதே கதைதான். பியூரெட் என்ற நீளமான அளவுக் குழாயில் சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தை ஊற்றும்போது தெறித்து ஒரு மாணவியின் கண்ணில் பட்டுவிட்டது. அவள் கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். பக்கத்தில் இருந்தவர்களில் ஒருவன் அசிட்டிக் அமிலக் குப்பியைத் தேடி அலமாரிக்கு ஓடினான். இன்னொருத்தி என்னிடமே வந்து, "காரத்துக்கு அமிலம்தானே மேடம் ஊத்தணும்?" என்று கேட்டாள். தண்ணீர்க் குழாய் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதைத் திறக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பிடித்து இழுத்துப்போய்க் கழுவியதால் கண் தப்பியது.

கண்ணுக்கு மருந்தாக அமிலம்! கோபம் வராமல் என்ன செய்யும்? ஆனால் மாணவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும் என்று பள்ளியிலிருந்தே மனப்பாடம் செய்ய வைத்தது நாம்தான். பழைய செய்முறைக் கையேடுகள் சிலவற்றில் அமிலக் காயத்துக்குச் சோடியம் பைகார்பனேட் (அதுதான் சோடா உப்பு) கரைசல், காரக் காயத்துக்கு போரிக் அமிலம் என்று அச்சிட்டே வைத்திருப்பார்கள். படித்ததைத்தான் அவர்கள் செய்யப் பார்க்கிறார்கள். குடுவைக்குள் அது சரி. உடம்பின் மேல் ஏன் சரியில்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கிலிருந்தே தொடங்குவோம். 25 மி.லி. அளவுள்ள 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துத் தரம் பார்க்கிறீர்கள். முடிவுநிலைக்கு, அதாவது அமிலம் சரியாகத் தீரும் புள்ளிக்கு, ஒரு சொட்டு முன்னால் பி.எச். (அமில-கார அளவு, 7 என்றால் நடுநிலை) சுமார் 4. ஒரு சொட்டு தாண்டிவிட்டால் சுமார் 10. இரண்டே சொட்டில் அவ்வளவு தூரம். பியூரெட், நிறங்காட்டி, அடியில் வெள்ளை ஓடு என எல்லாம் கையில் இருந்தும், குடுவையை அடர் இளஞ்சிவப்பாக்கிவிட்டு "கொஞ்சம் தாண்டிடுச்சு மேடம்" என்று வந்து நிற்பவர்கள்தான் நீங்கள். கண்ணில் எவ்வளவு விழுந்தது என்று தெரியாது. அதில் எவ்வளவு உள்ளே இறங்கிவிட்டது என்றும் தெரியாது. நிறம் மாறிக் காட்டப் பினாப்தலீனும் கிடையாது. இந்த நிலையில் எதிர்க் கரைசலை எவ்வளவு ஊற்றி, எங்கே நிறுத்துவதாக உத்தேசம்? கொஞ்சம் குறைந்தால் பழைய காயம் தொடரும். கொஞ்சம் கூடினால் அதே இடத்தில் புதுக் காயம்.

அப்புறம் வெப்பம். வலிமையான அமிலமும் வலிமையான காரமும் நடுநிலையாகும்போது உருவாகும் ஒவ்வொரு மோல் நீருக்கும் சுமார் 57 கிலோஜூல் வெப்பம் வெளியாகும். தேர்வில் எல்லாரும் எழுதுகிறீர்கள். அதையே ஒரு கை மேல் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 மி.லி. அடர் கந்தக அமிலத்தைக் காரத்தால் முழுக்க நடுநிலையாக்கினால் 20 கிலோஜூலுக்கு மேல் வரும். அறை வெப்பநிலையில் இருக்கும் 50 மி.லி. தண்ணீரைக் கொதிக்க வைக்க அது தாராளமாகப் போதும். அமிலம் சுட்ட தோலை வெந்நீராலும் சுட வேண்டுமா?

"சோடா உப்பு சாதுவானதுதானே, அதில் அவ்வளவு சூடு வராதே" என்று விவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், ஒரு மாணவன் மடக்கினான். நல்ல கேள்வி. பைகார்பனேட் வினையில் அந்த அளவு சூடு வராதுதான். ஆனால் கார்பன் டை ஆக்சைடு பொங்கி நுரைக்கும், அமிலத்தோடு சேர்ந்து தெறிக்கும். அதைவிடப் பெரிய குற்றம், அதைத் தேடிக் கரைத்து எடுத்து வருவதற்குள் போகிற நேரம். அந்த நேரத்தில் தோல் சும்மா காத்திருக்காது. மேசையில் சிந்திய அமிலத்துக்கு சோடா உப்பைத் தாராளமாகத் தூவுங்கள். மேசைக்கு வலிக்காது.

இதற்கு நேர் எதிரான குழப்பமும் ஒன்று உண்டு. "அமிலத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? கையில் அடர் கந்தக அமிலம் பட்டால் எப்படித் தண்ணீர் ஊற்றுவது?" நான் சொன்னது பீக்கருக்கு. நிறைய அமிலத்தில் கொஞ்சம் நீரை ஊற்றினால், அமிலத்தின் அடர்த்தி மி.லி.க்கு 1.84 கிராம் என்பதால் நீர் மேலாகவே நிற்கும். அந்த மெல்லிய அடுக்கு சட்டென்று சூடேறிக் கொதித்து அமிலத்தோடு முகத்தில் அடிக்கும். தோலில் இருப்பது கொஞ்சம் அமிலம், நாம் விடுவதோ ஓடும் தண்ணீர், அதுவும் வேகமாக, நிறைய. வருகிற சூட்டையும் அமிலத்தையும் அது சேர்த்தே அள்ளிக்கொண்டு போய்விடும். வாஷ் பாட்டிலில் பீய்ச்சுவதும், ஈரத் துணியால் ஒற்றுவதும் இந்தக் கணக்கில் சேராது.

எவ்வளவு நேரம்? குறைந்தது 15 நிமிடம். கடிகாரத்தைப் பார்த்து. இரண்டு நிமிடம் கழுவியதும் எரிச்சல் குறையும், உடனே குழாயை மூடிவிட்டு "சரியாயிடுச்சு" என்பார்கள். எரிச்சல் குறைந்தால் ஆபத்து போய்விட்டது என்று பொருள் இல்லை. காரத்தில் இது இன்னும் மோசம். அமிலம் பட்ட இடத்தில் புரதம் உறைந்து ஓரளவு தடுப்புபோல நிற்கும். காரம் புரதத்தைக் கரைத்து, கொழுப்பைச் சோப்பாக்கி, உள்ளே உள்ளே இறங்கிக்கொண்டே போகும். சோடியம் ஹைட்ராக்சைடு பட்ட விரல் வழுவழுப்பாக இருக்கிறதே, அது உங்கள் கொழுப்பிலிருந்தே வந்த சோப்பு. தொடக்கத்தில் பெரிதாக வலிக்காமலும் இருக்கலாம், அதுதான் ஏமாற்றும். "அமிலமில்லையே, வெறும் காரம்தானே" என்று இனி யாரும் என் காதில் விழச் சொல்ல வேண்டாம். கண்ணில் காரம் பட்டால் 15 நிமிடத்துக்குப் பிறகும் நிறுத்தாமல், மருத்துவ உதவி கிடைக்கும்வரை கழுவிக்கொண்டே இருங்கள்.

கண்ணைக் கழுவும்போது இமையை விரலால் விரித்துப் பிடிக்க வேண்டும். தானாகத் திறக்காது, பக்கத்தில் இருப்பவர்தான் பிடித்துவிட வேண்டும். காண்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால், அதைக் கழற்றிய பிறகு கழுவலாம் என்று காத்திருக்காதீர்கள். கழுவிக்கொண்டே கழற்றுங்கள். உடையில் பட்டால் உடையைக் கழற்ற வேண்டும். இதைச் சொன்னால் வகுப்பில் சிரிப்பு வரும். ஆனால் கூச்சப்பட்டுக்கொண்டு நிற்கும் அந்த நேரம் முழுக்க, நனைந்த துணி அமிலத்தைத் தோலோடு ஒட்டவைத்துக்கொண்டிருக்கும். மற்ற மாணவர்கள் லேப் கோட்டைக் கழற்றி மறைப்பாகப் பிடித்துக்கொண்டு திரும்பி நிற்கலாம், அவ்வளவுதான் விஷயம்.

விதிவிலக்கே இல்லையா என்றால், உண்டு. சோடியம் ஹைட்ராக்சைடு வில்லையோ சுட்ட சுண்ணாம்புத் தூளோ ஒட்டியிருந்தால் முதலில் தட்டிவிட்டு, பிறகு தண்ணீர். ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்துக்குத் தண்ணீரோடு தனி மருத்துவ முறையும் உண்டு. முதலாண்டு ஆய்வகத்தில் அது இருக்கவே கூடாது.

இந்த வகுப்பில் நடக்கும் விபத்துகள் அடர் அமிலத்தால் வருவது குறைவு. பெரும்பாலும் அலட்சியமாகக் கையாளும் நீர்த்த கரைசல்தான். பியூரெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தாங்கியில் மாட்டியபடியே, நுனிக்காலில் எம்பி, தலைக்கு மேலே புனல் வழியாகக் காரத்தை ஊற்றுகிறார்கள். கண்ணுக்கு மேலே காரம், அண்ணாந்து பார்க்கும் முகம். பாதுகாப்புக் கண்ணாடியும் நெற்றியில் ஏறியிருக்கும், அளவு சரியாகத் தெரியவில்லையாம்! பியூரெட்டைக் கழற்றிக் கீழே, மேல் விளிம்பு கண்மட்டத்துக்குத் தாழ்வாக வரும்படி பிடித்துக்கொண்டு ஊற்றுங்கள். தாங்கியையே தரையில் வைத்து ஊற்றினாலும் சரி. புனலை எடுத்துவிடுங்கள், அதிலிருந்து சொட்டி அளவும் கெடும். பார்வைக்காகப் போடும் மூக்குக்கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது. பக்கவாட்டில் திறந்திருக்கிறதே.

நீர்த்த கந்தக அமிலம் கையில் பட்டு எரியவில்லை என்று துடைத்துவிட்டுப் போகிறவர்களுக்கு ஒரு சேதி. நீர் ஆவியாகும், கந்தக அமிலம் ஆவியாகாது. அப்படியே செறிவு கூடிக்கொண்டே போகும். பருத்திச் சட்டை அடுத்த சலவையில் ஓட்டை ஓட்டையாக வருவது அதனால்தான்.

வாயால் பிப்பெட் உறிஞ்சுவதை இன்னும் பார்க்கிறேன். ஆக்சாலிக் அமிலம் நஞ்சு. ரப்பர் பல்பு கண்முன் இருக்கிறது. இதற்கு மேல் என்ன சொல்ல?

கையுறை போட்டால் எல்லாம் பத்திரம் என்ற நினைப்பும் வேண்டாம். கேரன் வெட்டர்ஹான் என்ற அமெரிக்கப் பேராசிரியர், நச்சு உலோகங்களையே ஆராய்ந்தவர். 1996-இல் டைமெத்தில் மெர்குரி என்ற பாதரசச் சேர்மத்தின் சில துளிகள் அவருடைய லேடெக்ஸ் கையுறையின் மேல் சிந்தின. அது கையுறையைச் சில நொடிகளில் ஊடுருவிவிடும் என்று பின்னர் சோதித்தபோதுதான் தெரிந்தது. 1997-இல் அந்தப் பாதரச நஞ்சாலேயே இறந்துபோனார். அந்தப் பொருள் உங்கள் மேசைக்கு வராது. ஆனால் எந்தக் கையுறை எந்த வேதிப்பொருளைத் தாங்கும் என்ற கேள்வி எல்லா மேசைக்கும் உண்டு. மெல்லிய நைட்ரைல் கையுறையை அசிட்டோன் சீக்கிரமே கடந்துவிடும். கையுறையோடு செல்போனை எடுப்பது, அதே போனைப் பிறகு வெறுங்கையால் காதில் வைப்பது, இதையெல்லாம் தயவுசெய்து நிறுத்துங்கள்.

மற்றவை சுருக்கமாக. சூடான கண்ணாடியும் ஆறிய கண்ணாடியும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், புறங்கையை அருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் தொடுங்கள். சோதனைக் குழாயைச் சூடாக்கும்போது வாயைப் பக்கத்து நண்பர் பக்கம் திருப்பாதீர்கள். எத்தனாலோ மெத்தனாலோ திறந்திருக்கும் மேசையில் சுடர் வேண்டாம். ஹைட்ரஜன் சல்பைடு நாற்றம் நின்றுவிட்டால் வாயு போய்விட்டது என்று நம்பாதீர்கள், செறிவு கூடினால் மூக்குத்தான் முதலில் மரத்துப்போகும். காலில் செருப்பு வேண்டாம், பாதத்தை மூடும் ஷூ. முடியைக் கட்டுங்கள். மிஞ்சியதைத் திரும்பக் குப்பியில் ஊற்றாதீர்கள். அன்றைய செய்முறையை முந்தின நாளே படித்துவிட்டு வாருங்கள், இதுதான் முக்கியம். ரெக்கார்டில் முடிவைப் பார்த்து எழுதுவது படிப்பில் சேராது.

சக ஆசிரியர்களுக்கும் ஒன்று. கண்கழுவி இருக்கிறது என்று ஆய்வுக்கு வருபவர்களிடம் காட்டினால் போதாது. 10 வினாடிக்குள் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், வாரம் ஒரு முறை ஓட விட்டுப் பார்க்க வேண்டும் என்கிறது அமெரிக்கத் தர விதி. நான் பார்த்த பல இடங்களில் அதன் முன்னால் புத்தகப் பைகள் குவிந்திருக்கும், திறந்தால் முதலில் துருத்தண்ணீர் வரும். உடைந்த பீக்கருக்கு அபராதம் போடுவதையும் கொஞ்சம் யோசியுங்கள். அபராதத்துக்குப் பயந்து, வெட்டுப்பட்ட கையைப் பைக்குள் மறைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். பிள்ளைகளே, சிந்தினால் சொல்லுங்கள், உடைத்தால் சொல்லுங்கள், பட்டால் கத்தியே சொல்லுங்கள். நான் திட்டுவேன்தான். ஆனால் முதலில் குழாயைத் திறந்துவிட்டுத்தான் திட்டுவேன்.

மருத்துவமனைக்குப் போகும்போது பட்ட பொருளின் பெயரையும் செறிவையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். "ஏதோ ஆசிட்" என்று சொன்னால் மருத்துவர் என்ன செய்வார்? காயத்தில் களிம்பு, மஞ்சள், பற்பசை எதையும் தடவ வேண்டாம். கண்ணில் பட்டிருந்தால், பார்வை தெளிவாக இருக்கிறது என்று வகுப்பு முடியும்வரை உட்காராமல் அப்போதே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். ரெக்கார்டில் அடுத்த வாரம் கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம்.