கையெழுத்து இருக்கிறது, முத்திரை எங்கே?

சீனாவில் சரக்கு வாங்கும் ஐரோப்பிய நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் பார்த்துக் கொடுப்பது என் வேலை. யார் ஒப்பந்தம் அனுப்பினாலும் விலையை நான் முதலில் பார்ப்பதில்லை. நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய், வட்டமான சிவப்பு முத்திரை இருக்கிறதா என்று தேடுவேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜெர்மன்காரர் கொண்டுவந்தது 14 பக்க ஆங்கில ஒப்பந்தம். கடைசியில் நீல மையில் கையெழுத்து, கீழே 'பொது மேலாளர்', ஆங்கிலத்தில் கம்பெனி பெயர். முத்திரை இல்லை. வந்திறங்கிய தண்ணீர் பம்புகளில் பாதி ஒழுகின. நஷ்ட ஈடு கேட்கலாம் என்று உட்கார்ந்தால், அந்த ஆங்கிலப் பெயரை வைத்து எதையும் பிடிக்க முடியவில்லை. சீனாவில் சட்டப்படி செல்வது சீன எழுத்தில் பதிவான பெயர் மட்டும்தான். ஆங்கிலப் பெயர் அவரவர் வசதிக்கு வைத்துக்கொள்வது.

"இரண்டு தடவை சேர்ந்து சாப்பிட்டோம், என் கண் முன்னால்தான் கையெழுத்துப் போட்டார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கையெழுத்தையே வாக்காக நம்பி வளர்ந்தவர். பிரிட்டன் 1989-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே நிறுவன முத்திரை கட்டாயமில்லை என்று ஆக்கிவிட்டது. இந்தியாவும் 2015-இல் அதையே செய்தது.

சீனாவில் 'கோங்சாங்' எனப்படும் அந்த முத்திரையின் நடுவில் ஐந்துமுனை நட்சத்திரம் இருக்கும், அதைச் சுற்றி கம்பெனியின் முழுச் சீனப் பெயர். அதைப் போலீஸ் துறையில் பதிவு செய்ய வேண்டும். கம்பெனி முத்திரைக்கும் போலீசுக்கும் என்ன சம்பந்தம் என்று மேற்கத்தியர்கள் திகைப்பார்கள். முத்திரை என்றால் அரசு கொடுக்கும் அதிகாரம் என்பது அங்கே பேரரசர்கள் காலத்து எண்ணம். பதவி போனால் அதிகாரி முத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

அப்படியானால் கையெழுத்து செல்லாதா? செல்லும். 2021 முதல் நடப்பிலுள்ள சிவில் சட்டத் தொகுப்பு கையெழுத்து, முத்திரை, கைரேகை மூன்றையுமே ஏற்கிறது. போட்டவருக்கு அதிகாரம் உண்டா என்பதில்தான் சிக்கல். அரசுப் பதிவேட்டில், கம்பெனி சார்பில் செயல்படும் அதிகாரம் உள்ள 'சட்டப் பிரதிநிதி' என்று ஒருவர் பெயர் இருக்கும். விசிட்டிங் கார்டு நீட்டியவரும் அவரும் வேறு வேறு ஆளாக இருப்பது சர்வசாதாரணம்.

சிப் வடிவமைக்கும் பிரிட்டிஷ் நிறுவனமான ஆர்மின் சீனக் கூட்டு நிறுவனம் ஆர்ம் சைனா. அதன் விவகாரத்தை என் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் சொல்வேன். 2020 ஜூனில் இயக்குநர் குழு 7-க்கு 1 என்ற வாக்கில் தலைமை நிர்வாகி ஆலன் வூவை நீக்கியது. லண்டனாக இருந்தால் அதோடு முடிந்திருக்கும். இங்கே முத்திரை அவர் கையில், பதிவேட்டில் சட்டப் பிரதிநிதியும் அவரே. 2022 ஏப்ரலில் ஷென்ஜெனில் அந்தப் பதிவு மாறும்வரை அவரை அசைக்க முடியவில்லை. அதே 2020-இல் டாங்டாங் இணையப் புத்தகக் கடையின் நிறுவனர்களில் ஒருவரான லி குவோசிங், பெய்ஜிங் அலுவலகத்துக்குள் நுழைந்து 47 முத்திரைகளை எடுத்துக்கொண்டு போனார். இன்னொரு நிறுவனர் அவருடைய மனைவி என்பதால், மேற்கத்தியச் செய்திகளில் இது ஏதோ குடும்பச் சண்டை மாதிரி வந்தது. சீனாவில் தொழில் செய்பவர்களுக்கு அது கம்பெனியையே கைப்பற்றும் முயற்சி என்று உடனே புரிந்திருக்கும்.

இப்போது யார் வந்தாலும் முதலில் எதிர்த்தரப்பின் 18 இலக்கப் பதிவு எண்ணைக் கேட்கச் சொல்கிறேன். அரசின் நிறுவனப் பதிவேட்டில் அதைப் போட்டால் சீனப் பெயரும் சட்டப் பிரதிநிதியும் வந்துவிடும். எண்ணைத் தரத் தயங்கினால், சரி, வேறு ஆளைப் பாருங்கள் என்பேன்.

அந்த ஜெர்மன்காரரின் அடுத்த ஒப்பந்தத்துக்கு நானும் நிங்போவுக்குப் போயிருந்தேன். கணக்கு பார்க்கும் அம்மாள் இரும்புப் பெட்டியைத் திறந்து முத்திரையை எடுத்தார். சிவப்பு மையில் ஒற்றி, கம்பெனி பெயரும் தேதியும் மறையாமல் மேலே பதித்தார். அப்புறம் தாள்களைச் சீட்டுக்கட்டு மாதிரி விசிறியாக விரித்து, ஓரங்களின் மேல் ஒரே அழுத்து. ஒவ்வொரு பக்கத்திலும் வட்டத்தின் ஒரு கீற்று விழுந்தது. நடுவில் ஒரு தாளை மாற்றினாலும் வட்டம் சேராது.

ஹோட்டலுக்குத் திரும்பியதும் கோட்டைக்கூடக் கழற்றாமல் அவர் தாள்களைக் கட்டிலில் விரித்து, வட்டம் சேருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.