இறால் பண்ணைப் பதிவு: கோப்பு எந்த மேசையில் நிற்கிறது, ஏன்?

உவர்நீரில் இறால், கொடுவா, பால்மீன் என எதை வளர்த்தாலும் பண்ணையைப் பதிவு செய்தாக வேண்டும். நிலம் சொந்தப் பட்டா என்றாலும் இதில் விலக்கு இல்லை. கடல், ஆறு, கழிமுகம், காயல் இவற்றில் ஓதம் ஏறும் உச்ச எல்லையை உயர் ஓதக் கோடு என்கிறார்கள். அந்தக் கோட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் உவர்நீர்க் குளம் இருந்தால் அது கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் வரம்புக்குள் வந்துவிடும். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இறால் பண்ணைகள் குறித்துத் தந்த கடுமையான தீர்ப்புக்குப் பின் இந்தத் துறைக்குத் தனிச் சட்டம் தேவைப்பட்டது. அது 2005-இல் வந்தது, ஆணையமும் அதன்கீழ் அமைந்தது. தலைமையகம் சென்னை. நன்னீர் மீன் குளத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

"சென்னையில் ஃபைல் தூங்குது" என்பது பண்ணைக்காரர்களின் வழக்கமான புலம்பல். பெரும்பாலும் ஃபைல் சென்னைக்குப் போயே இருக்காது. விண்ணப்பம் முதலில் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போகிறது. ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு இடத்தைப் பார்த்துப் பரிந்துரைக்க வேண்டும். 2005 விதிகள் வகுத்த பாதையில் இங்கேதான் ஒரு கிளை பிரிகிறது: நீர்ப்பரப்பு 2 ஹெக்டேர் வரை என்றால் மாவட்டக் குழு நேராக ஆணையத்துக்கு அனுப்பும், அதற்கு மேல் என்றால் நடுவில் மாநிலக் குழுவையும் தாண்ட வேண்டும்.

ஏக்கரில் நினைத்து ஹெக்டேரில் எழுதுபவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். 5 ஏக்கர் என்பது 2.02 ஹெக்டேர். பட்டாவில் உள்ள 5 ஏக்கரை அப்படியே நீர்ப்பரப்புக் கட்டத்தில் எழுதினால், அந்த 0.02-க்காக ஃபைல் இன்னொரு குழுவுக்கும் போய்வரும். உண்மையில் கரை, வாய்க்கால், மோட்டார் கொட்டகை, தீவனக் கொட்டகை எல்லாம் கழித்தால் அந்த நிலத்தில் தண்ணீர் நிற்பது 4 ஏக்கர் இருக்கலாம், அதாவது 1.62 ஹெக்டேர். மொத்தப் பரப்பு வேறு, நீர்ப்பரப்பு வேறு. சர்வேயரை வைத்து ஒவ்வொரு குளத்தையும் அளந்து, வரைபடத்தில் குளத்துக்கு எண் போட்டு, அதே எண்ணைப் படிவத்திலும் எழுதுங்கள். குறைத்து எழுதும் ஆசை வேண்டாம். ஆய்வுக்கு வருபவர் கையிலும் அளவுக் கருவி இருக்கும்.

அடுத்த சிக்கல் நில ஆவணம். பட்டா தாத்தா பெயரில், விண்ணப்பம் பேரன் பெயரில். உட்பிரிவு ஆகாத சர்வே எண். பதிவு செய்யாத குத்தகைச் சீட்டு. இவற்றில் ஒன்று இருந்தாலும் வருவாய்த் துறை கேள்வி எழுப்பும். கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் அண்மைப் பசலிகளில் (வருவாய் ஆண்டுகளில்) நெல் என்று இருந்தால் வேளாண் துறை மறுக்கும். விளைநிலம், அலையாத்திக் காடு, உப்பளம் இவற்றைப் பண்ணையாக மாற்ற வழிகாட்டு நெறிகள் இடம் தரவில்லை. தண்ணீர் எடுக்கும் வாய்க்கால் புறம்போக்கு வழியாக ஓடினால் அதற்குத் தனி அனுமதி வேண்டும். பலர் இதைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள், அதிலேயே ஒரு பருவம் போய்விடும்.

தூரக் கணக்கில் யாராலும் தளர்த்த முடியாதது கடலின் உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டர். புதுப் பண்ணைக்கு அதற்குள் இடமில்லை. 2023 திருத்தச் சட்டம் தந்த விலக்கு குஞ்சு பொரிப்பகம், தாய் இறால் பெருக்க மையம் போன்றவற்றுக்குத்தான், வளர்ப்புக் குளத்துக்கு அல்ல. நெறிமுறைப்படி 500 பேருக்குக் குறைவான ஊரிலிருந்து 100 மீட்டர், அதற்கு மேற்பட்ட ஊர் என்றால் 300 மீட்டர், குடிநீர் ஆதாரத்திலிருந்து 100 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும்.

பண்ணைத் தண்ணீரை வெளியே விடுமுன் தேக்கிச் சுத்திகரிக்கும் கழிவுநீர்க் குளத்தை "பிறகு வெட்டிக்கொள்ளலாம்" என்று விடுவது பெரிய தவறு. 5 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள பண்ணை, பரப்பில் 10 சதவீதத்தை இதற்கு ஒதுக்க வேண்டும். வனாமி என்ற அயல்நாட்டு இறால் வகையின் வளர்ப்புக்கு 2009-இல் அனுமதி வந்தபோது, பரப்பு எவ்வளவானாலும் இந்தக் குளம் கட்டாயம் என்று நிபந்தனை போட்டார்கள். சதுர மீட்டருக்கு 60 குஞ்சுக்கு மேல் விடக் கூடாது என்பதும் அப்போது வந்ததுதான். வரைபடத்தில் குளம் இருந்து தரையில் இல்லையென்றால் ஆய்வு முடியாது, மறுஆய்வு என்று எழுதிவிடுவார்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் தாமதம் வருவதுண்டு. குழு கூடும் நாள் ஆட்சியரின் நாட்குறிப்பைப் பொறுத்தது. தேர்தல், வெள்ளம் என்றால் தள்ளிப்போகும். நாகை, வேதாரண்யம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் ஆய்வுக்கு வண்டி உள்ளே வராது. கோடையில் ஆய்வு முடியும்படி முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். 2023 திருத்தத்துக்குப் பின் விதிகளும் மாறியிருப்பதால் கடையில் கிடைக்கும் பழைய ஜெராக்ஸ் படிவத்தை நம்பாமல், ஆணையத்தின் இணையதளத்தில் உள்ளதையே எடுங்கள்.

விண்ணப்பம் கொடுத்ததும் தேதியும் எண்ணும் போட்ட ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனு போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் தாமதம்?" என்று கேட்டால் "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். ஃபைல் எந்தத் தேதியில் யாரிடம் போனது, ஆய்வறிக்கை நகல், கடைசியாக எந்தத் தேதியில் குழு கூடியது என்று ஆவணமாகக் கேளுங்கள்.

பதிவு 5 ஆண்டு செல்லும். முடிவதற்கு 2 மாதம் முன்பு புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. ஆய்வும் கூட்டமும் எடுக்கும் நாளைப் பார்த்தால் 6 மாதம் முன்பே கொடுத்துவிடுவதுதான் நல்லது.